முயலுக்கு ஒரு துவக்கு

"துவக்கு வாங்கப் போறன். வெளிக்கிடு" என்றார் ஜோக்கிம்.

வியாழக்கிழமை பின்னேரம். இத்தாலியின் பலெர்மோவில் வீட்டு வேலைக்குப் போகிறவர்களுக்கு அரை நாள் ஓய்வு. நகரத்தின் சீசா பகுதியில், ஜோக்கிமின் வீட்டுப் பின்னறையில் கபிலன் புதுக் கட்டிலுக்கு ஆணி முறுக்கிக் கொண்டிருந்தான். ஞாயிற்றுக்கிழமை அவன் மனைவி பிரசாந்தினியும் மகள் சாம்பவியும் கொழும்பிலிருந்து வந்து இறங்குகிறார்கள். ஏழு வருடப் பிரிவு முடிய இன்னும் மூன்று நாள்.

"எனக்குத் துவக்கைப் பற்றி என்ன தெரியும், அண்ணை? நான் ஊரில மேசன் வேலை செய்தவன்."

"வன்னியில பிறந்தவனுக்குத் துவக்குத் தெரியாதோ? மன்னாரில பிறந்த நான் மீன் தெரியாதெண்டு சொன்னா நீ நம்புவியோ? எழும்படா."

மறுக்க முடியாது. குடும்பத்தை அழைப்பதற்கு விசாக் கந்தோரில் வீட்டுப் பத்திரம் கேட்டார்கள். அதில் கையெழுத்து வைத்தவர் ஜோக்கிம். இந்த அறையைக் கொடுத்தவரும் அவர்தான். இருபத்தைந்து வருடம் சிக்னோராமாரின், அதாவது இத்தாலிய எசமானியம்மாக்களின், வீடுகளைத் துடைத்து, குடியுரிமை எடுத்து, இப்போது வேட்டை அனுமதிப் பத்திரமும் எடுத்துவிட்ட மனிதர். ஊரே பார்க்க முயல் சுட வேண்டும் என்பது அவருடைய ஆசை.

கபிலன் தயங்கியதற்கு வேறு காரணம். அவனுக்குத் துவக்குத் தெரியும். நன்றாகவே தெரியும்.

அது பிரசாந்தினிக்குத் தெரியாது.

கலியாணம் பேசிப் போன அன்றைக்கு அவள் ஒரேயொரு கேள்விதான் கேட்டாள். "இயக்கத்தில இருந்தனீங்களோ?" கடைசிச் சண்டைக் காலத்தில், பதினேழு வயதில், அவளுடைய தம்பி றமேஸை இயக்கம் வீட்டிலிருந்து இழுத்துக் கொண்டு போனது. அவன் திரும்பவேயில்லை. "இருந்த ஆள் எண்டால் எனக்கு வேண்டாம்" என்றாள்.

"இல்லை" என்றான் கபிலன்.

கலியாணம், பிள்ளை, விசா எல்லாமே அந்த ஒற்றைச் சொல்லின் மேல் ஏறி நின்றன.

பகேரியாவில் பழைய துவக்குகள் மலிவு என்று ஜோக்கிமுக்கு யாரோ சொல்லியிருந்தார்கள். ரயிலில் பதினைந்து நிமிடம். ஸ்டேஷனிலிருந்து இரண்டு தெரு தள்ளிக் கடை. மூக்குக் கண்ணாடியை நெற்றியில் ஏற்றி வைத்த ஒரு கிழவர் மேசைக்குப் பின்னால் நின்றார். ஜோக்கிமின் பத்திரத்தை முன்னும் பின்னும் திருப்பிப் பார்த்தார்.

"முயலுக்கு" என்றார் ஜோக்கிம் இத்தாலிய மொழியில். "சின்னக் குண்டு. மலிவாக. தோள் நோகக் கூடாது."

கிழவர் ஒரு ரைபிளை எடுத்து வைத்தார். மரப்பிடி மினுங்கியது. இருபத்திரண்டு என்று சொல்கிற சின்ன ரகம். குண்டு பென்சில் நுனி அளவுதான். ஜோக்கிம் அதைத் தூக்கித் தோளில் வைத்து நேரே கிழவரின் நெஞ்சுக்குக் குறி பார்த்தார்.

கிழவர் குனிந்தார். "சிக்னோரே, நான் முயல் இல்லை!"

"உதுதான்! உதை எடுப்பம்" என்றார் ஜோக்கிம்.

"எடுங்கள். ஆனால் இலக்குப் பழகத்தான் எடுக்கலாம். இதன் தோட்டா கட்டை. வேட்டைக்குச் சட்டம் விடாது. வேட்டைப் பரீட்சையில் இந்தக் கேள்வி வருமே?"

ஜோக்கிம் தமிழுக்குத் தாவினார். "வந்ததுதான். எல்லாம் பாடமாக்கினது. பாஸ் பண்ணின அண்டைக்கே மறந்து போச்சு. அந்தாளுக்குச் சொல்லிப் போடாதை."

கிழவர் இன்னொன்றை எடுத்தார். நீளமான குழல், கனமான ரைபிள். விலை இரண்டு மடங்கு. மலையில் பன்றிக்குப் போகிறவர்கள் வாங்குவது என்றார். ஜோக்கிமின் கண் விரிந்தது.

"வேண்டாம் அண்ணை" என்றான் கபிலன். "முயலில ரெண்டு காதுதான் மிஞ்சும். கறிக்கு ஒண்டும் வராது."

சொன்ன பிறகுதான் நாக்கைக் கடித்தான்.

"அட! இவ்வளவு நேரமும் மேசன் எண்டு நிண்டவர்!"

மூன்றாவதாக வந்தது ஒற்றைக் குழல் துவக்கு. மடித்துப் பைக்குள் வைக்கலாம். உள்ளே வரி இல்லாத சின்னக் குழல். ஒற்றைக் குண்டு அல்ல, சிதறுகிற ஈயச் சன்னங்கள் போகும். பழையது. மூன்றிலும் மலிவு. முயலுக்கும் காடைக்கும் இந்த ஊரில் தகப்பன்மார் பிள்ளைகளுக்கு முதலில் வாங்கிக் கொடுப்பது இதைத்தான் என்று சொல்லி, ஜோக்கிமிடம் இனியொரு தரம் துவக்கைக் கொடுக்கப் பயந்தோ என்னவோ, கிழவர் அதைக் கபிலனிடம் நீட்டினார்.

கபிலன் வாங்கினான்.

அதற்குப் பிறகு நடந்தது எல்லாம் கைகளின் வேலை. குழல் தரையைப் பார்த்தது. துவக்கு மடிந்து திறந்தது. சுண்டு விரல் தோட்டா அறைக்குள் போய் வெறுமை பார்த்து வெளியே வந்தது. குழல் வெளிச்சத்துக்கு உயர்ந்தது. மூடுகிற சத்தத்தைக் காது கேட்டது. பிடி தோளில் ஏறியது. கன்னம் மரத்தில் படிந்தது. சுட்டு விரல் விசையைத் தொடாமல் பக்கவாட்டில் நீண்டு நின்றது.

நான்கு செக்கன். அவ்வளவுதான்.

"இராணுவமா?" என்றார் கிழவர் மரியாதையோடு.

"இல்லை. கட்டட வேலை."

பதினாறு வருடத்துக்குப் பிறகு கைகளுக்கு ஒரு விளையாட்டுச் சாமான் கிடைத்திருந்தது. வெட்கமாக இருந்தது. நிறுத்தவும் முடியவில்லை. "பாருங்கோ அண்ணை, குழலுக்குள்ள ரெண்டு இடத்தில கறள் பிடிச்சிருக்கு, அதைச் சொல்லி விலையைக் குறையுங்கோ. ஆனா பூட்டு நல்ல இறுக்கம். ஆட்டிப் பாத்தனான், ஆடேல்லை. உங்கட தோளுக்கு இது உதைக்காது. இருபது மீற்றருக்குள்ள முயல் வந்தா..."

திரும்பினான். ஜோக்கிமின் கையில் போன் அவனைப் பார்த்துக் கொண்டு நின்றது. கமராவின் கண் அவனுடைய கைகளில்.

"என்ன அண்ணை செய்யிறீங்கள்?"

"லைவ் போகுது. சிரி. அறுபத்தொரு பேர் பாக்கினம்!"

கபிலன் போனைப் பறித்தான். பேஸ்புக்கில் வரிகள் ஓடின. 'ஜோக்கிம் அண்ணை, எங்களுக்கும் ஒரு தொடை.' 'பொடியன் ஆர்?' கனடாவிலிருந்து ஒருவர்: 'பிடிக்கிற பிடியிலயே தெரியுது. பழைய கை.' அதற்குக் கீழே பதினாலு லைக்.

"அழியுங்கோ."

"ஏன்டா? இது இத்தாலி. ஆர் கேக்கப் போறான்?"

"அண்ணை, உங்களைக் கும்பிட்டுக் கேக்கிறன். அழியுங்கோ!"

அந்தக் குரலில் ஜோக்கிமின் சிரிப்பு நின்றது. போனை வாங்கி அழித்தார். அழித்து முடிக்கவும் அதே போன் அடித்தது. அவருடைய மனைவி கிளறா. குரல் வெளியே கேட்டது.

"இஞ்சையப்பா, ஏன் நிப்பாட்டினீங்கள்? நல்லா இருந்ததே! பிரசாந்தினியும் பாத்துக் கொண்டிருந்தவள். உன்ர மனுசன் லைவில நிக்கிறார் எண்டு நான்தான் அனுப்பினனான்."

கபிலன் துவக்கை மேசையில் வைத்தான்.

திரும்பும் ரயிலில் பிரசாந்தினிக்கு ஆறு தரம் போன் எடுத்தான். மணி போனது. அவள் எடுக்கவில்லை. 'ஒருக்கா எடும்' என்று வாட்ஸப்பில் அனுப்பினான். இரண்டு நீலக் கோடு விழுந்தது. பதில் இல்லை. எதிரே ஜோக்கிம், மடித்த துவக்கைப் பையோடு மடியில் வைத்துக் கொண்டு, குழந்தையைச் சுமக்கிற மாதிரி இருந்தார்.

"நான் என்ன கண்டன், தம்பி? அவளுக்குத் தெரியுமெண்டெல்லோ நினைச்சன்."

"அவளுக்கு மட்டும்தான் தெரியக் கூடாது."

வெள்ளிக்கிழமையும் நீலக் கோடுதான். கபிலன் பொய் தயாரித்தான். யூரியூப்பில் பார்த்துப் பழகினது. சிக்னோராவின் மகன் காட்டித் தந்தது. ஒவ்வொன்றையும் வாய்க்குள் சொல்லிப் பார்த்தான். எல்லாவற்றையும் அவனுடைய கைகளே பொய்யாக்கின.

சனிக்கிழமை மத்தியானம், கால்சா பகுதியில், அவன் வேலை செய்கிற சிக்னோராவின் மூன்றாம் மாடி வீட்டில் நிலம் துடைத்துக் கொண்டிருக்கும்போது போன் அடித்தது. பிரசாந்தினி. பின்னால் விமான நிலைய இரைச்சல்.

"பிரசா..."

"கேக்கிறதுக்கு மட்டும் பதில் சொல்லுங்கோ. சனம் நிக்குது. உங்களுக்கு ஆர் பழக்கினது?"

யூரியூப் தொண்டை வரை வந்தது. விழுங்கினான்.

"என்னையும் பிடிச்சுக் கொண்டு போனவங்கள். மாசி மாசம். கஞ்சிக்கு வரிசையில நிக்கேக்கை."

"சண்டை பிடிச்சனீங்களோ?"

"இல்லை. பன்ரெண்டு நாள் ரெயினிங், இரவு பகலாத் துவக்கோட. பிறகு ட்ரக்டர் ஓட விட்டவங்கள். கடைசியில சனத்தோட சனமா வெளிய வந்திட்டன்."

"ட்ரக்டரில என்ன ஏத்தினது?"

வாளித் தண்ணீரில் சவர்க்கார நுரை ஒவ்வொன்றாக உடைந்து கொண்டிருந்தது.

"அரிசி. காயக்காரர்." மூச்சு விட்டான். "பிடிச்ச பொடியளையும்."

"எங்க?"

"இரணைப்பாலைப் பக்கம். மூண்டு தரம்."

"எங்கட வீடு இரணைப்பாலை."

"ஓம்."

"எப்ப தெரியும்?"

"உங்கட வீட்டுக்குக் கலியாணம் பேசி வந்த அண்டைக்கு."

அவள் அழவில்லை. அழுதிருந்தால் அவனுக்கு ஏதாவது சொல்ல வந்திருக்கும்.

"தம்பியை ஏத்தினது சிவப்பு ட்ரக்டர்."

"அங்கை ஓடினது முக்கால்வாசியும் சிவப்புத்தான், பிரசா."

"அம்மா பின்னால ஓடினவ. ஒழுங்கை முடியுமட்டும் ஓடினவ. கண்டனீங்களோ?"

"எல்லா அம்மாமாரும் ஓடினவை."

ஒலிபெருக்கி மூன்று மொழியில் எதையோ அறிவித்தது. அது முடியும் வரை அவள் காத்திருந்தாள்.

"எங்கட வீட்டில அவன்ர படம் தொங்கினது. அதுக்குக் கீழ இருந்துதானே அஞ்சு வருசம் சாப்பிட்டனீங்கள். பாத்தும் தெரியேல்லையோ?"

"ஒவ்வொரு நாளும் பாத்தனான். சத்தியமாத் தெரியேல்லை. அவை பின்பெட்டியில. நான் முன்னால பாத்து ஓடினனான். திரும்பிப் பாக்க விடமாட்டாங்கள்."

"விட்டிருந்தா?"

கபிலன் துணியை வாளிக்குள் அமுக்கினான்.

"அம்மா, எங்களைக் கூப்பிடினம்" என்றது ஒரு சின்னக் குரல். ஏழு வருடமாகப் போனில் மட்டும் கேட்ட குரல். இணைப்பு அறுந்தது.

எழுந்து எங்காவது ஓட வேண்டும் போலிருந்தது. எங்கே ஓடுவது? கட்டுநாயக்கா விமான நிலையத்துக்கா? மிச்ச நிலத்தைத் துடைத்தான். துடைத்த இடத்தையே திரும்பத் துடைத்தான். "கபிலன், தரை தேயப் போகிறது" என்றார் சிக்னோரா.

ஏறினார்களா, இல்லையா? கிளறா எடுத்துப் பார்த்தாள். போன் நிறுத்தி வைக்கப்பட்டிருந்தது. "பிளேனில எல்லாரும் நிப்பாட்டித்தானே வைக்கிறது" என்றாள். கோபம் வந்தாலும் நிப்பாட்டித்தான் வைப்பார்கள் என்பதை அவன் சொல்லவில்லை.

ஞாயிறு காலை விமான நிலையத்தில் கதவு திறந்து திறந்து மூடியது. கடலாட வந்த வெள்ளைக்காரர், சூட்கேஸ் இழுக்கிற மாணவர், ஒரு கன்னியாஸ்திரி. ஜோக்கிம் பத்துத் தரம் "வருவினம், வருவினம்" என்றார். பதினோராம் தரம் சொல்லவில்லை.

கதவு மறுபடி திறந்தது.

சாம்பவிதான் முதலில். உயர்ந்து விட்டாள். போனில் தெரிந்ததை விட உயரம். "அப்பா!" என்று ஓடி வந்து, கிட்ட வந்ததும் வெட்கப்பட்டு, ஒரு கையை மட்டும் நீட்டினாள். அவன் அந்தக் கையைப் பிடித்துக் கொண்டான். பின்னால் பிரசாந்தினி தள்ளுவண்டியோடு வந்தாள். அவனுடைய முகத்தைப் பார்க்கவில்லை. கைகளைப் பார்த்தாள்.

"பயணம் எப்பிடி?" என்றான்.

"பிள்ளைக்கு முன்னால ஒண்டும் கதைக்க வேண்டாம்."

காரில் அவள் முன் சீட்டில் ஜோக்கிமுக்குப் பக்கத்தில் ஏறினாள். கடல், மலை, கட்டடம் என்று ஜோக்கிம் ஒவ்வொன்றாகக் காட்டினார். அவள் எல்லாவற்றுக்கும் "ஓம் அண்ணை" என்றாள். சாம்பவி அவனுடைய தோளில் சாய்ந்து நித்திரையாகி விட்டாள். அவன் அசையாமல் இருந்தான்.

சீசா. மூன்று மாடி. இரண்டு சூட்கேசையும் தூக்கிக் கொண்டு கபிலன் ஏறினான். மேலே கிளறா பிரசாந்தினியைக் கட்டிப்பிடித்து, கையைப் பிடித்துப் பின்னறைக்கு இழுத்துக் கொண்டு போனாள்.

"பாரும், உம்மட மனுசன் தன்ர கையால பூட்டின கட்டில். நாலு நாள் வேலை!"

பிரசாந்தினி கட்டிலைப் பார்த்தாள். விரிப்பின் மூலையைச் சரி செய்தாள்.

"நல்லா இருக்கு, அக்கா. இதில நானும் பிள்ளையும் படுக்கிறம்" என்றாள் அமைதியாக. "அவர் எங்க படுப்பார்?"

கிளறாவின் சிரிப்பு பாதியில் நின்றது. ஜோக்கிம் தன் சப்பாத்தைப் பார்த்தார்.

வாசலில் கபிலன் இரண்டு கையிலும் சூட்கேசோடு நின்றான். உள்ளே வைப்பதா, வெளியே வைப்பதா என்று அவனுக்கு ஒருவரும் சொல்லவில்லை.