ஓட்டைவாயின் நடை

எனக்குக் கோபம் மூக்குக்கு மேல் வரும் என்று வீட்டில் எல்லாருக்கும் தெரியும். ஆபீசிலும் தெரியும். அதனால் நான் இங்கே யாரைத் திட்டினாலும் பாதியைக் கழித்துவிட்டுக் கேளுங்கள். மீதிப் பாதி அவர்களுக்குச் சேர வேண்டியதுதான், என்னையும் சேர்த்து.

நான் கார்ட்டூன் படம் வரைகிறவள். சரியாகச் சொன்னால், வரைந்ததை நடக்க வைக்கிறவள். ஒரு நொடிக்கு இருபத்து நான்கு படம். கடைசியாகச் செய்தது ஒரு கடல் சாகசப் படம். அதில் என் தலையில் கட்டியது ஓட்டைவாய் என்கிற கொள்ளைக்காரனை. அவன் பெரிய வில்லன்கூட இல்லை, வில்லனுக்கு எடுபிடி. ரகசியத்தை உளறிவிட்டு, உதை வாங்கி, பீப்பாய்க்குள் விழுந்து, பீப்பாயோடு கடலில் போய்ச் சேருவான். மொத்தமே நாலு நிமிஷம். அந்த நாலு நிமிஷத்துக்காகப் பதினோரு மாதம் குனிந்த தலை நிமிராமல் உட்கார்ந்தேன்.

எங்கள் இயக்குநர் எல்லாருக்கும் சார், எனக்கு மட்டும் மனசுக்குள் பெரிய மூளை. "இவனுக்கு ஒரு நடை வேணும். பார்த்தா மறக்கவே கூடாது" என்றார். நடைக்கு எங்களுக்கு ஒரு மாதிரி வேண்டும். யாரையாவது நடக்கச் சொல்லி வீடியோ எடுத்து, அதைப் பார்த்துத்தான் வரைவோம். என் கூறுகெட்ட புத்திக்கு உடனே என் அண்ணன் ஞாபகம் வந்தது.

அண்ணனுக்கு இடது கால் சின்ன வயதிலேயே சூம்பிவிட்டது. பஸ் பணிமனையில் உதிரி பாகங்கள் எடுத்துக் கொடுக்கிற வேலை. கவுண்ட்டருக்குப் பின்னால் உட்கார்ந்திருந்தால் இடுப்புக்குக் கீழே யாருக்கும் தெரியாது. அந்த இடத்தை அவனே கேட்டு வாங்கினான். நடக்கும்போது முதலில் வலது தோள் இறங்கும், இடது கை தொடையை அழுத்தும், அப்புறம் கால் அரை வட்டம் போட்டு முன்னால் வரும். நான் அதைப் பார்த்தே வளர்ந்தவள். உலகத்தில் எனக்குப் பிடித்த நடை அதுதான். இப்போது சொன்னால் யார் நம்பப்போகிறார்கள்?

ஒரு விடுமுறை நாளில், தேய்த்த சட்டை போட்டுக்கொண்டு ஸ்டூடியோவுக்கு வந்தான். நீளமான வராந்தா, அந்தக் கோடியில் அவன், இந்தக் கோடியில் கேமராவோடு நான்.

"யாருக்கும்மா இந்த நடை?" என்று கேட்டான்.

"கப்பல் கேப்டனுக்கு" என்றேன்.

அப்படித்தான் வாயில் வந்தது. எடுபிடிக்கு என்று சொன்னால் திரும்பிப் போய்விடுவானோ என்று பயம். அவன் சிரித்தான், காலரைச் சரிசெய்துகொண்டான், நடந்தான். முன்னாலிருந்து எடுத்தேன், பக்கத்திலிருந்து எடுத்தேன், பின்னாலேயே போய் எடுத்தேன். முப்பது தடவையாவது நடந்திருப்பான். சட்டை நனைந்துவிட்டது. "கொஞ்சம் உட்காருண்ணா" என்றால், "கேப்டன் உட்காருவானா?" என்றான்.

உள்ளது உள்ளபடி வரைந்தேன். இரண்டு அடி எடுத்துவைக்க முப்பத்தெட்டு படம். பெரிய மூளை பார்த்தார். "நல்லாருக்கு. ஆனா சிரிப்பு வரலையே. இருபது படத்துல முடி."

"சார், அவன் கால் அப்படித்தான் போகும்."

"அவன் காலா? கார்ட்டூன்மா இது."

அங்கேயே மேசையைத் தட்டி முடியாது என்று சொல்லியிருக்க வேண்டும். ஊரையே வறுத்தெடுக்கிற இந்த வாய், "சரி சார்" என்றது. இருபதில் முடித்தேன். அந்த அரை வட்டம் குரங்குக் குதிப்பு ஆகிவிட்டது. வேறு யாரும் தொடவில்லை, என் கைதான் செய்தது. போதாததற்கு சவுண்ட்காரர் ஒவ்வொரு அடிக்கும் 'கிறீச்... டொக்' என்று ஒரு சத்தத்தைச் சேர்த்துவைத்தார். அதைக் கேட்டதும் எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது. நேராக இயக்குநர் அறைக்குப் போனேன்.

"அந்தச் சத்தத்தையாவது எடுங்க சார்."

"போட்டுக் காட்டினப்போ குழந்தைங்க விழுந்து விழுந்து சிரிச்சாங்க. அதைப் போய் எடுக்கச் சொல்றியே."

"அது என் அண்ணன் நடை சார்."

அவர் முகத்தில் ஈயாடவில்லை. "முன்னாடியே சொல்லியிருக்கலாமே" என்றார்.

"சொல்லியிருந்தா?"

"வேற யாரையாவது வெச்சு எடுக்கச் சொல்லியிருப்பேன். சொந்த அண்ணனையா கூட்டிட்டு வருவாங்க?"

அந்த ஆளைக் கிழிகிழியென்று கிழிக்கத்தான் போயிருந்தேன். இதற்குப் பிறகு எதைக் கிழிப்பது? கதவைச் சாத்திவிட்டு வந்தேன்.

இனி அண்ணனிடம் நானே சொல்லிவிட வேண்டியதுதான் என்று போன் போட்டேன். "அண்ணா, படத்துல ஒரு விஷயம்..."

"அப்புறம் சொல்லு. இங்க இன்னும் மூணு பேருக்கு டிக்கெட் வேணுமாம். கேப்டன் வராரு வழிவிடுங்கன்னு கேன்டீன்ல ஒரே கிண்டல்."

அவன் குரலில் அப்படி ஒரு பூரிப்பை நான் கேட்டதே இல்லை. டிக்கெட் வாங்கித் தருகிறேன் என்று சொல்லி வைத்துவிட்டேன். வைத்ததும் அவன் மேலேயே ஆத்திரம் வந்தது. பணிமனை முழுக்கத் தம்பட்டம் அடிக்கச் சொல்லி இவனை யார் கேட்டது? அதுவும் சப்பைக்கட்டுதான்.

வேலை செய்தவர்களின் குடும்பங்களுக்கு என்று காலைக் காட்சி போட்டார்கள். ஒரே வரிசையில் அண்ணி, அண்ணன், நான், எனக்கு இந்தப் பக்கம் பணிமனைக்காரர்கள் மூன்று பேர். படம் தொடங்கிய ஐந்தாவது நிமிஷம் கேப்டன் வந்தான். விறைப்பாக, அளந்துவைத்த மாதிரி நடந்தான். "இவரா?" என்று ஒருவர் எட்டி அண்ணனைக் கேட்டார். அண்ணன் என்னைப் பார்த்தான். நான் திரையையே பார்த்துக்கொண்டிருந்தேன்.

அப்புறம் ஓட்டைவாய் வந்தான். கிறீச், டொக். கிறீச், டொக். அரங்கமே அதிர்ந்தது. பணிமனைக்காரர்களும் வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தார்கள். வலது தோள் இறங்கி, கை தொடையை அழுத்தியபோது அவர்களில் ஒருவர் சிரிப்பை நிறுத்தினார். அப்புறம் இன்னொருவர். மூன்றாமவரை அவர் முழங்கையால் இடித்தார். அவர்கள் சிரித்ததைக்கூடத் தாங்கிக்கொண்டேன், நிறுத்தியதைத் தாங்க முடியவில்லை.

அப்போது அண்ணன் சிரித்தான். சத்தமாக, தொடையில் தட்டிச் சிரித்தான். அவர்கள் சங்கடப்படக் கூடாதென்று அவன் சிரிக்கிறான் என்று எனக்குப் புரிந்தது. அவர்களும் வேறு வழியில்லாமல் கூடச் சேர்ந்து சிரித்தார்கள். ஓட்டைவாய் கடலில் விழும்வரை அவன் நிறுத்தவில்லை. அண்ணி மட்டும் மடியில் இருந்த பையின் வாரைத் திருகிக்கொண்டே இருந்தாள்.

படம் முடிந்து விளக்குப் போட்டார்கள். அண்ணன் எழுந்திருக்கவில்லை. "நீங்க எல்லாரும் போய் டீ சாப்பிடுங்க, வந்துடறோம்" என்று அண்ணியையும் அவர்களையும் அனுப்பினான். கூட்டம் முழுவதும் போகிறவரை உட்கார்ந்தே இருந்தான். பெருக்குகிற பெண் துடைப்பத்தோடு உள்ளே வந்துவிட்டாள்.

"அந்தாளுதான் கெடுத்தான். நான் இப்படி வரையலண்ணா. சண்டை போட்டேன்" என்றேன்.

"கேப்டன்னு ஏன் சொன்ன?"

"எடுபிடின்னு சொல்லியிருந்தா நடந்திருப்பியா?" அந்த நேரத்திலும் என் குரல்தான் உயர்ந்தது.

"நீ கேட்டா எதுக்கு வேணா நடந்திருப்பேன்" என்றான்.

முன் இருக்கையைப் பிடித்து எழுந்தான். நான் வழக்கம்போல வழி விட்டு ஒதுங்கி, அவன் போகட்டும் என்று நின்றேன். அவனும் நின்றான்.

"நீ முன்னால போ."

"சேர்ந்தே போலாம்ணா."

"முன்னால போன்னு சொல்றேன்ல."

போனேன். கதவைத் தாண்டி மாடிப்படியில் இறங்கினேன். எனக்குப் பின்னால் சத்தமே இல்லை. நான் படி வளைவில் திரும்பி மறைந்த பிறகுதான் மேலே அவன் முதல் அடியை எடுத்துவைக்கும் சத்தம் கேட்டது.