சந்துக்குள் வந்த கம்பெனி பஸ்

என் வீட்டுக்காரரை நான் கொடுமைப்படுத்துகிறேன் என்று செகந்திராபாத் மல்காஜ்கிரியில் எங்களைத் தெரிந்த பாதிப் பேர் பேசிக்கொண்டார்கள். மீதிப் பேர் பேசாமல் முகத்தில் காட்டினார்கள். பேசட்டும். கிரிஜாவுக்கு வாய் நீளம் என்று கல்யாணம் ஆன புதிதிலேயே பெயர் வாங்கியவள் நான். இருக்கிற பெயரோடு இன்னொன்று சேர்ந்தால் என்ன கெட்டுப்போகிறது?

விஷயம் இதுதான். என் வீட்டுக்காரர் சந்தானத்துக்கு நுரையீரலில் கேன்சர். பீடி, சிகரெட் எதையும் அவர் தொட்டதில்லை. இதை ஏன் முதலிலேயே சொல்கிறேன் என்றால், விசாரிக்க வருகிறவர்கள் வாயைத் திறந்ததும் கேட்பது அதைத்தான். குடித்திருந்தால் மட்டும் நன்றாக வேண்டும் என்று சொல்லிவிடுவார்களா? எனக்குப் பற்றிக்கொண்டு வரும். கைமீறிப் போகவில்லை, அந்தப் பகுதியை ஆபரேஷன் செய்து எடுத்துவிடலாம் என்று டாக்டர் சொன்னார். அதற்கு முன்னால் மூன்று முறை கீமோ. கீமோ முடிந்ததும் ஒரு பரீட்சை.

அந்தப் பரீட்சையைப் பற்றி டாக்டர் தெலுங்கில் நிதானமாக எடுத்துச் சொன்னார். நுரையீரலில் ஒரு பாகத்தை எடுத்தபின் மிச்சம் இருப்பதை வைத்துத்தான் இவர் மூச்சு விட வேண்டும். அதற்கு உடம்பில் தெம்பு இருக்கிறதா என்று பார்க்க வேண்டும். ஆஸ்பத்திரி மாடிப்படியில் நாலு மாடி நிற்காமல் ஏறிக் காட்டினால் ஆபரேஷன். ஏற முடியாவிட்டால் டாக்டர் கத்தியைத் தொடமாட்டார். ரேடியேஷன் கரண்ட் வைத்துப் பார்க்கலாம், ஆனால் அது கட்டியை எடுத்துவிடுவதற்கு ஈடாகாது.

வெளியே வந்ததும் சாஹித்யா என்ற பிசியோதெரபிப் பெண் எங்களை உட்காரவைத்துப் பேசினாள். தினமும் நடக்க வேண்டும், படி ஏற வேண்டும், கொஞ்சம் கொஞ்சமாகக் கூட்ட வேண்டும். காய்ச்சல் வந்தாலோ, ரத்த அணுக்கள் ரொம்பக் குறைந்தாலோ அன்றைக்கு மட்டும் விட்டுவிடலாம். சோர்வாக இருக்கிறதே என்று படுத்தால் சோர்வு இன்னும் கூடும் என்றாள். "அங்க்கிளை நீங்க பாவம் பார்க்காதீங்க ஆன்டி" என்று என் கையைப் பிடித்துச் சொன்னாள். சொல்லவேண்டிய ஆளிடம்தான் சொன்னாள்.

எங்கள் ஜனங்களுக்கு நோயாளி என்றால் படுத்திருக்க வேண்டும். என் மாமனாரின் தாத்தா வெள்ளைக்காரன் காலத்தில் வேலூரிலிருந்து செகந்திராபாத் வந்தவர். அன்றிலிருந்து எங்கள் சொந்தக்காரர்கள் இதே ஊரில் ஒருவர் வீட்டை ஒருவர் சுற்றிக்கொண்டுதான் இருக்கிறார்கள். யாருக்காவது உடம்பு சரியில்லை என்றால் ஆப்பிளும் சத்துமாவு டப்பாவுமாக வந்துவிடுவார்கள். நோயாளி எழுந்து வந்து கதவைத் திறந்தால் அவர்களுக்கு ஏமாற்றமாக இருக்கும். கட்டில் ஓரமாக நாற்காலியைப் போட்டு உட்கார்ந்து, போர்வையை இழுத்துவிட்டு, நெற்றியைத் தொட்டுப் பார்த்தால்தான் வந்த வேலை முடிந்த திருப்தி.

இதில் முதல் ஆள் என் நாத்தனார் மங்கையர்க்கரசி. லாலாகுடாவில் இருக்கிறார். தம்பி என்றால் உயிர். முதல் கீமோ முடிந்த மறுநாளே வந்து, பூஜை மணியை எடுத்துக் கட்டிலுக்குப் பக்கத்தில் வைத்தார்.

"நீ எழுந்துக்காதடா சந்தானம். எது வேணும்னாலும் மணியடி. கிரிஜா கொண்டு வருவா."

அவரும் அடித்தார். தண்ணீருக்கு ஒரு மணி, ஃபேனுக்கு ஒரு மணி, கண்ணாடி எங்கே என்று கேட்க ஒரு மணி. கண்ணாடி அவர் நெற்றி மேலேயே இருந்தது. மணியைப் பிடுங்கிக்கொண்டு போய்ப் பூஜை அறையில் வைத்தேன்.

அந்த வாரம் அவருக்கு எதுவும் வாயில் வைக்க முடியவில்லை. சோறு மண்ணாக இருக்கிறது, தோசை தகரமாக இருக்கிறது என்றார். எலுமிச்சம்பழம் பிழிந்து உப்புப் போட்ட மோர் மட்டும் இறங்கியது. நாங்கள் இருப்பது முதல் மாடி. அதற்கு மேல் இன்னும் இரண்டு மாடி, அப்புறம் மொட்டைமாடி. லிஃப்ட் கிடையாது. வாந்தி நின்று உடம்பு கொஞ்சம் தேறியதும் நான் மோரைக் கூஜாவில் ஊற்றி, மொட்டைமாடியில் கொண்டுபோய் வைத்துவிட்டு வந்தேன்.

"மோர் எங்க?" என்றார்.

"மேல இருக்கு."

"மேலன்னா?"

"மொட்டைமாடியில. வேணும்னா போய்க் குடிங்க."

"மனுஷியா நீ?" என்றார். நான் வெங்காயம் நறுக்கினேன். கொஞ்ச நேரம் புலம்பிவிட்டு, சுவரைப் பிடித்துக்கொண்டு கிளம்பினார். ஒவ்வொரு மாடியிலும் உட்கார்ந்து உட்கார்ந்து போனார். அவருக்குத் தெரியாமல் நானும் பின்னாலேயே ஏறினேன். விழுந்தால் பிடிக்க வேண்டுமே. அன்றைக்கும் வந்திருந்து இதைப் பார்த்த நாத்தனார், "என் தம்பியைப் படியேத்தியே கொன்னுடுவா போல" என்று சொந்தக்காரர்கள் எல்லாருக்கும் ஃபோன் போட்டுச் சொன்னார். அப்படித்தான் எனக்குக் கொடுமைக்காரி பட்டம் வந்தது.

இரண்டாவது கீமோவுக்கு முன்னால் அவர் வேலைக்குப் போகிறேன் என்றார். ராமச்சந்திராபுரம் தொழிற்சாலையில் அவருக்கு மேஜை வேலைதான். டாக்டரும் மாஸ்க் போட்டுக்கொண்டு போகலாம் என்றார். எனக்கு உள்ளூரச் சந்தோஷம். கம்பெனி பஸ் மெயின் ரோட்டில் பெட்ரோல் பங்க் எதிரில்தான் நிற்கும். எங்கள் சந்திலிருந்து அங்கே போய்வருவது நல்ல நடை. காலையில் ஒன்று, மாலையில் ஒன்று என்று கணக்குப் போட்டு நிம்மதியாக இருந்தேன்.

ஆனால் நாளாக ஆக மொட்டைமாடிக்கு ஏறும்போது அவர் முன்னைவிட அதிகமாக மூச்சு வாங்கினார். மருந்தின் வேலை என்று நினைத்தேன். ஒரு நாள் காலை அவர் கிளம்பிப் போன கொஞ்ச நேரத்தில் டிபன் பாக்ஸை மறந்துவிட்டுப் போனது தெரிந்தது. எடுத்துக்கொண்டு இறங்கி ஓடினேன். சந்தில் கீங் கீங் என்று சத்தம். கம்பெனி பஸ், அத்தனை பெரிய பஸ், பின்பக்கமாக எங்கள் சந்துக்குள் வந்துகொண்டிருந்தது. காய்கறி வண்டிக்காரர் தன் வண்டியைத் திண்டாடி ஓரம் கட்டினார். என் வீட்டுக்காரர் பக்கத்து கேட் திண்டில் ராஜா மாதிரி உட்கார்ந்திருந்தார். பஸ் அவர் காலடியில் வந்து நின்றது.

பிறகுதான் எல்லாம் தெரிந்தது. அந்த இரண்டு நேரமும் நான் பின்பக்கச் சமையலறையில் மிக்ஸியோடு இருப்பேன், பஸ் சத்தம் காதில் விழுந்ததில்லை. பஸ்ஸில் வருகிறவர்கள் கூடிப் பேசி முடிவெடுத்திருக்கிறார்கள். சந்தானம் நடக்கக்கூடாது, வீட்டு வாசலிலேயே ஏற்றி வாசலிலேயே இறக்க வேண்டும். இதற்காகப் பஸ்ஸில் உள்ள அத்தனை பேரும் சீக்கிரம் எழுந்து சீக்கிரம் வந்து நிற்கிறார்கள். யோசித்தால் எவ்வளவு பெரிய மனசு. அன்றைக்கு யோசிக்கிற நிலையில் நான் இல்லை. டிபன் பாக்ஸும் கையுமாகப் போய் பஸ்ஸுக்கு முன்னால் நின்றேன்.

டிரைவர் இர்பான் பாய் தலையை வெளியே நீட்டினார். பஸ்ஸில் பாதி தமிழ்க்காரர்கள் என்பதால், இந்த ஊர் உருதுவான தக்கனி கலந்து தமிழ் பேசுவார். ஏன் என்பதற்குக் கைக்கு, வேண்டாம் என்பதற்கு நக்கோ, அண்ணிக்குப் பாபி.

"கைக்கு கோபம் பாபி? ஸார்க்கு தபியத் சரியில்லைல்ல. நடக்க நக்கோன்னு நாங்கதான் சொன்னோம்."

பஸ்ஸின் மூத்த ஆளான ராமசுவாமி இறங்கி வந்தார். "ஆமாம்மா. பாவம், முடியாத மனுஷன். எங்களால ஆனது."

"ஆபரேஷன் தியேட்டருக்குள்ளயும் பஸ்ஸை விடுவீங்களா?" என்றேன்.

 அதோடு நான் விடவில்லை. நாலு மாடி, நிற்காமல் ஏற வேண்டும், ஏறாவிட்டால் ஆபரேஷன் இல்லை, அதற்குத்தான் இவர் நடக்க வேண்டும், நீங்கள் எல்லாரும் சேர்ந்து அந்த நடையைப் பிடுங்கிக்கொண்டீர்கள் என்று தெருவே கேட்கிற மாதிரிச் சொன்னேன். ஜன்னல் ஜன்னலாகத் தலைகள் எட்டிப் பார்த்தன. என் வீட்டுக்காரர் முகம் சிவந்து போய் பஸ்ஸில் ஏறி உட்கார்ந்துகொண்டார். நாலு மாடிப் பரீட்சையைப் பற்றி அவர் யாரிடமும் மூச்சு விடவில்லை என்பது அப்போதுதான் புரிந்தது.

சாயங்காலம் நடந்துதான் வந்தார். வந்ததும் செருப்பைக்கூடக் கழற்றவில்லை.

"முப்பது பேர் முன்னால என்னை அசிங்கப்படுத்திட்ட."

"நீங்க ஏன் அவங்ககிட்ட சொல்லலை?"

"என்னன்னு சொல்றது? நாலு மாடி ஏறத் துப்பில்லாதவன்னா?" அங்கேயே வாசலில் உட்கார்ந்துவிட்டார். "எனக்கு முடியல கிரிஜா. ரெண்டு மாடிக்கே நெஞ்சு அடைக்குது. அன்னிக்கு எல்லாரும் பாக்க நடுவுல நின்னுட்டா என்ன பண்றது? பயமா இருக்கு."

இத்தனை வருஷத்தில் அந்த வார்த்தையை அவர் வாயால் நான் கேட்டதே இல்லை.  பக்கத்தில் உட்கார்ந்து அவர் செருப்பைக் கழற்றிவிட்டேன்.

"எனக்கும் பயமாதான் இருக்கு. அதுக்குத்தான் கத்தறேன்" என்றேன்.

மறுநாள் பஸ் சந்துக்குள் வரவில்லை. நான் போட்ட சத்தத்தில் மனுஷர்கள் முகத்தைத் திருப்பிக்கொண்டுவிட்டார்கள் என்றுதான் நினைத்தேன். சாயங்காலம் பால்கனியில் நின்று பார்க்கிறேன், சந்து முனையில் ஒரு கூட்டம் வருகிறது. நடுவில் என் வீட்டுக்காரர் மாஸ்க்கோடு. முன்னால் ராமசுவாமி தொப்பையைத் தூக்கிக்கொண்டு, பின்னால் இன்னும் நாலைந்து பேர். எல்லாரும் மாஸ்க் போட்டிருந்தார்கள். இர்பான் பாய் இவர்களை ஒரு ஸ்டாப் முன்னாலேயே, ரயில்வே குவார்ட்டர்ஸ் பக்கத்தில் இறக்கிவிட்டிருக்கிறார். சந்தானம் தனியாக நடந்தால்தானே கூச்சம், எல்லாருமே நடந்துவிட்டால் என்ன என்பது பாய் சொன்ன யோசனையாம்.

அன்றிலிருந்து அதுவே வழக்கமாயிற்று. கீமோ ஏறிய வாரத்தில் மெதுவாக நடந்தார்கள், தேறிய வாரத்தில் வேகமாக நடந்தார்கள். ஒருமுறை காய்ச்சல் வந்தபோது நானே ஃபோன் செய்து இன்றைக்கு நடை கிடையாது என்று சொல்லி, அவரை ஆஸ்பத்திரிக்குக் கூட்டிப்போனேன். அது சரியானதும் மறுபடி தொடங்கினார். மொட்டைமாடிக்குப் போகும்போது உட்காருவது நின்றது. பிறகு சுவரைப் பிடிப்பதும் நின்றது. தலையில் ஒரு முடி இல்லை, புருவம்கூட உதிர்ந்துவிட்டது, ஆனால் மனுஷர் நிமிர்ந்து நடந்தார்.

பரீட்சை நாள் வந்தது. ஆஸ்பத்திரி மாடிப்படி அடியில் சாஹித்யா அவர் விரலில் ஆக்ஸிஜன் பார்க்கும் கிளிப்பை மாட்டினாள். டாக்டர் நாலாவது மாடியில் காத்திருப்பதாகச் சொன்னாள். நாத்தனாரும் வந்திருந்தார். கீழே பெஞ்சில் உட்கார்ந்து கண்ணை மூடி முருகா முருகா என்று சொல்லிக்கொண்டிருந்தார்.

அவர் ஏறத் தொடங்கினார். சாஹித்யா பக்கத்தில், நான் பின்னால். முதல் மாடி ஒன்றுமே இல்லை. இரண்டாவது மாடியில் வாயால் மூச்சு விட ஆரம்பித்தார். மூன்றாவது மாடிக்குத் திரும்பும்போது அவர் சட்டை முதுகில் ஒட்டிக்கொண்டிருந்தது. கழுத்து நரம்பு புடைத்துத் துடித்தது. மூச்சு இழுக்கிற சத்தம் படிக்கட்டு முழுக்கக் கேட்டது. கால் ஒரு படியில் தயங்கியது.

எனக்கு என்ன ஆயிற்று என்று தெரியவில்லை. மணியைப் பிடுங்கியவள், பஸ்ஸை மறித்தவள், அத்தனை பேரையும் வாயால் அடக்கியவள் நான். அந்த முதுகைப் பார்த்ததும் என் தைரியமெல்லாம் எங்கோ போய்விட்டது.

"போதுங்க" என்று கத்திவிட்டேன். "வேணாங்க, உக்காந்துடுங்க. நமக்கு ஆபரேஷனே வேணாம்."

சாஹித்யா கிளிப்பைப் பார்த்தாள், அவர் முகத்தைப் பார்த்தாள். நிறுத்தச் சொல்லவில்லை.

அவர் திரும்பவில்லை. கையை மட்டும் பின்பக்கம் காட்டி, "நக்கோ" என்றார். அந்த ஒரு வார்த்தைக்குத்தான் மூச்சு இருந்தது. தயங்கிய காலைத் தூக்கி அடுத்த படியில் வைத்தார். அதற்கடுத்த படியில் வைத்தார். நான் மூன்றாவது மாடியிலேயே கைப்பிடியைப் பிடித்துக்கொண்டு நின்றுவிட்டேன். கண்ணில் தண்ணீர் முட்டி எதுவும் தெரியவில்லை. அவர் செருப்புச் சத்தம் மட்டும் கேட்டது. அது நிற்காமல் மேலே போனது.

பிறகு மேலே டாக்டர் குரல் கேட்டது. "குட். வெரி குட். திங்கட்கிழமை அட்மிட் ஆயிடுங்க."

கொஞ்ச நேரம் அவருக்கு இரைக்கிற சத்தம் மட்டும் வந்தது. மூச்சை ஆற்றிக்கொள்கிறார் என்று புரிந்தது. அதன் பிறகு என் வீட்டுக்காரர் சாஹித்யாவிடம் தெலுங்கில் கேட்பது காதில் விழுந்தது.

"இதுக்கு மேல என்னம்மா இருக்கு?"

"கேன்டீன் அங்க்கிள். ஆனா இன்னும் கொஞ்சம் உக்காந்துட்டுப் போங்க."

கைப்பிடி வழியாக அவர் மொட்டைத் தலை எட்டிப் பார்த்தது. முகமெல்லாம் வியர்வை, வாயெல்லாம் பல்.

"கிரிஜா, மேல கேன்டீன் இருக்காம். நான் முன்னால போய் டீ சொல்றேன். நீ அவசரப்படாத, மெதுவா வா."

மெதுவா வா என்கிறார், என்னைப் பார்த்து.  ஆளைப் பார், என் புருஷன் என்று அந்த ஆஸ்பத்திரி முழுக்கக் கேட்கிற மாதிரிக் கத்த வேண்டும்போல் இருந்தது. கத்தவில்லை. முந்தானையால் முகத்தைத் துடைத்துக்கொண்டு, அவர் சொன்ன மாதிரியே மெதுவாக ஏறினேன்.