லேமினேஷன் போட்ட பாஸ்போர்ட்

கண்ணாடிக்கு அந்தப் பக்கம் இருந்த பெண் என் பாஸ்போர்ட்டை, செத்த எலியை வாலைப் பிடித்துத் தூக்குவது போல இரண்டே விரலால் தூக்கினாள். என் படம் இருந்த தாள் மட்டும் இரண்டு பக்கமும் பிளாஸ்டிக் ஒட்டிப் பலகை மாதிரி விறைத்து நின்றது. மற்ற தாள்கள் அதன் கீழே தொங்கின.

"இதுக்கு யாரும்மா லேமினேஷன் போட்டது?"

"எங்க வீட்டுக்காரர்."

"எதுக்கு?"

எதுக்கு என்றால் என்ன சொல்வது? பேசுவதற்கென்று அந்தக் கண்ணாடியில் ஓர் ஓட்டை போட்டிருந்தார்கள். அது என் மார்பு உயரத்தில் இருந்தது. குனிந்தால்தான் உள்ளே கேட்கும். எந்தப் புண்ணியவான் அளவெடுத்தானோ, அங்கே வருகிற அத்தனை பேரும் கும்பிடு போடுகிற மாதிரியே நிற்க வேண்டியிருந்தது. நானும் குனிந்தேன்.

"அவர் லேமினேஷன் கடை வச்சிருக்கார் மேடம். பத்திரமா இருக்கட்டும்னு போட்டுட்டார். நான் புதுசு வாங்கத்தானே வந்திருக்கேன்? பழசுக்குத் தேதி முடியப்போகுது, அது எப்படியும் செல்லாமப் போறதுதானே?"

"அப்படி இல்லம்மா. படத்த மாத்தி ஒட்டிட்டு மேல பிளாஸ்டிக் போட்டிருக்கீங்களான்னு எங்களுக்கு எப்படித் தெரியும்? விசாரணைக்கு அனுப்பணும். மாசக்கணக்குல ஆகும்."

"அடுத்த மாசம் என் பொண்ணுக்குப் பிரசவம் மேடம். அவ வெளிநாட்டுல தனியா இருக்கா."

அவள் முகம் கொஞ்சம் இளகியது. குரலைத் தாழ்த்தினாள். "ஒண்ணு பண்ணுங்க. நாளைக்கு உங்க வீட்டுக்காரரக் கூட்டிட்டு வாங்க. தெரியாம பண்ணிட்டேன்னு பெரிய ஆபீசர்கிட்ட அவர் வாயால சொல்லி, எழுதிக் கையெழுத்துப் போடட்டும். ஆபீசர் நம்பிட்டார்னா இங்கேயே முடிஞ்சிடும். வேணும்னே பண்ணதுன்னு பட்டா கேஸ்தான். அப்புறம் நீங்க பேரப்பிள்ளைய ஃபோன்லதான் பாக்கணும்."

சுவரில் இருந்த ஸ்பீக்கர் பெட்டி அடுத்த எண்ணைக் கூப்பிட்டது. எனக்குப் பின்னால் நின்றவர் என்னைத் தோளால் நகர்த்திவிட்டுக் குனிந்தார்.

வெளியே வந்தபோது உள்ளங்கால் முதல் உச்சந்தலை வரை எரிந்தது. நான் பிரசவ வார்டில் நர்ஸ். ஊரார் வீட்டுப் பிள்ளைகள் எத்தனையோ என் கையில்தான் முதல் மூச்சு விட்டிருக்கின்றன. என் மகளுக்கு மட்டும் அந்தக் கை கிடைக்கவில்லை. போன தடவை ஏழாம் மாதத்தில் அவளுக்குக் குழந்தை தங்கவில்லை. எனக்குத் தகவல் வந்தபோது எல்லாம் முடிந்து, துணியை மாற்றிக்கொண்டு அவள் வீட்டுக்கே வந்துவிட்டிருந்தாள். மருமகனுக்கு ராத்திரி ஷிஃப்ட். பக்கத்தில் ஒரு வாய் தண்ணீர் கொடுக்கக்கூட ஆள் இல்லாமல் கிடந்திருக்கிறாள். இந்தத் தடவை டாக்டர் படுக்கையை விட்டு எழுந்திருக்கக் கூடாது என்று சொல்லிவிட்டார். "நீ வந்துடும்மா" என்று அவள் அழுதபோது, "நீ வலின்னு சொல்றப்ப நான் பக்கத்துல நிப்பேன்" என்று வாக்குக் கொடுத்திருந்தேன்.

எனக்கு வாய்த்த மனுஷனைப் பற்றிச் சொல்ல வேண்டும். எங்கள் தெருவில் இவருக்குப் பிளாஸ்டிக்காரர் என்று பேர். கையில் தாள் என்று ஒன்று கிடைத்தால் போதும், உறைக்குள் போட்டு இயந்திரத்தில் விட்டு, நாலு ஓரமும் வெட்டி, முனை குத்தாமல் வளைத்து எடுத்தால்தான் தூக்கம் வரும். என் நர்ஸ் சான்றிதழ், மகளின் முதல் வகுப்புப் படம், கேஸ் அடுப்போடு வந்த குறிப்புத் தாள், எல்லாம் எங்கள் வீட்டில் சாகாவரம் பெற்றவை. "அசையாம நிக்காதம்மா, அப்பா உனக்கும் உறை போட்டுடுவார்" என்று மகள் கிண்டல் செய்வாள். அப்போது இவரும் சேர்ந்து சிரிப்பார்.

அதெல்லாம் அவள் தனக்குப் பிடித்தவனைக் கட்டிக்கொள்வதற்கு முன்னால். அதற்குப் பிறகு இந்த வீட்டில் அவள் பேச்சை எடுக்கக் கூடாது என்று சொல்லிவிட்டார். அவள் ஃபோன் வந்தால் டிவி சத்தத்தைக் கூட்டுவார். அப்படிப்பட்டவர், நான் போகப் போகிறேன் என்றபோது மறுபேச்சுப் பேசவில்லை. "பாஸ்போர்ட்டக் குடு, நானே காப்பி எடுத்து வைக்கிறேன்" என்று கையை நீட்டினார். எனக்குக் கண் கலங்கிவிட்டது. மனுஷன் மாறிவிட்டார் என்று வார்டு முழுக்கச் சொல்லிப் பீற்றிக்கொண்டேன். மறுநாள் பிளாஸ்டிக் உறையோடு அது திரும்பி வந்தபோது கத்தினேன்தான். "புதுசோட இதையும் கொண்டு போகணும்ல, தண்ணி பட்டா என்ன ஆகும்?" என்றார். பழக்கதோஷம், அசட்டு மனுஷன் என்று விட்டுவிட்டேன்.

அந்த அசட்டு மனுஷனை நாலு வார்த்தை நாக்கைப் பிடுங்கிக்கொள்கிற மாதிரி கேட்க வேண்டும் என்றுதான் நேராகக் கடைக்குப் போனேன்.

கடையில் ஓர் ஆள் நின்றுகொண்டிருந்தார். ஒரு கையில் ஹெல்மெட். அகலமான முதுகு. அவருக்குப் பின்னால் நான் வந்து நின்றது இவருக்குத் தெரியவில்லை. இயந்திரம் சூடேறி, பிளாஸ்டிக் உருகும் வாடை வாசல் வரை வந்தது.

"அண்ணே, இதுக்கும் ஒரு உறை போட்டுடுங்க" என்று அந்த ஆள் எதையோ நீட்டினார்.

"பாஸ்போர்ட்டா? அய்யய்யோ, இதுக்கெல்லாம் போடவே கூடாதுப்பா" என்றார் இவர். "பிளாஸ்டிக் ஒட்டினா அதோட இது செத்துச்சு. ஏர்போர்ட்ல உக்கார வச்சிடுவான். புதுசு வாங்கப் போனாலும் லேசுல குடுக்க மாட்டான், விசாரணை அது இதுன்னு இழுத்தடிப்பான். இத்தன வருஷமா கடை வச்சிருக்கேன், யாரோட பாஸ்போர்ட்டயும் நான் தொட்டதில்ல."

"நல்ல வேளை சொன்னீங்கண்ணே."

"மேல மாட்டற கவர் விக்குது, அத வாங்கிக்க. பத்திரம்."

அந்த ஆள் திரும்பியபோது என்மேல் இடித்துக்கொண்டார். "மன்னிச்சுக்கங்கம்மா" என்று சொல்லிவிட்டுப் போனார். நான் அசையவில்லை. வேலியே பயிரை மேய்ந்தது என்று கேள்விப்பட்டிருக்கிறேன். வேலி இவ்வளவு விவரமாக, எந்தப் பயிரை எப்படி மேய்ந்தால் திரும்ப முளைக்காது என்று கணக்குப் போட்டு மேயும் என்று நினைத்ததில்லை. இயந்திரத்துக்குப் பக்கத்தில் இருந்த உறைகளை அள்ளித் தரையில் வீசினேன்.

"யாரோட பாஸ்போர்ட்டயும் தொட்டதில்லையா?"

இவர் கையில் கத்தரிக்கோல் அப்படியே நின்றது. "நீ எப்ப வந்த?"

"வர வேண்டிய நேரத்துலதான் வந்திருக்கேன். சொல்லுங்க. ஊரான் பாஸ்போர்ட்டுக்கு ஆகாதது என் பாஸ்போர்ட்டுக்கு மட்டும் எப்படி ஆச்சு?"

"அது பழசு... எப்படியும் மாத்தப்போறோம்னு..."

"என் மூஞ்சியப் பாத்துச் சொல்லுங்க."

பார்க்கவில்லை. கீழே குனிந்து உறைகளைப் பொறுக்கத் தொடங்கினார். பொறுக்கிக்கொண்டே சொன்னார். "உன்ன மட்டும்தானே கூப்பிட்டா. அப்பா எப்படி இருக்கார்னு ஒரு வார்த்த கேட்டாளா? நீயும் கூப்பிட்டதும் ஓடினா, நான் தோத்துட்டேன்னு அர்த்தம். நாலு பேரு சிரிப்பாங்க."

"கேட்டா. ஒவ்வொரு தடவையும் கேட்டா. நான் சொல்ல வந்தப்பல்லாம் டிவி சத்தத்தக் கூட்டினது யாரு?"

இவர் ஓர் உறையை எடுத்துத் தூசி தட்டினார்.

"தோக்கறதுக்கு இதென்ன சீட்டாட்டமா? அங்க ஒருத்தி எழுந்து நடக்க முடியாமக் கிடக்கறா. போன தடவ மாதிரி இந்தத் தடவையும் ஏதாவது ஆச்சுன்னா, நீ ஜெயிச்சிடுவியா?"

கல்யாணம் ஆன நாளிலிருந்து இவரை நான் நீ என்று சொன்னதில்லை. வந்துவிட்டது. திருத்திக்கொள்ளத் தோன்றவில்லை. எதிர்க்கடைக்காரர் தலையை நீட்டிப் பார்த்தார். பார்க்கட்டும் என்று இன்னும் கொஞ்சம் சத்தமாகவே சொன்னேன். "நாளைக்குக் காலைல என்கூட வர்ற. தெரியாம பண்ணிட்டேன்னு ஆபீசர்கிட்ட சொல்ற. வேற ஒரு வார்த்த வாயிலேர்ந்து வரக்கூடாது."

இவர் சட்டென்று நிமிர்ந்து தலையாட்டினார். அந்த முகத்தில் நிம்மதி தெரிந்தது. தெரியாமல் செய்தேன் என்று சொன்னால் ஊருக்கும் அதுதான் கதை, இவருக்கும் அதுதான் கதை. செய்ததையும் செய்துவிட்டுச் சுலபமாகக் கழன்றுகொள்ள நானே வழி செய்து கொடுத்துவிட்டேன். அந்த நிம்மதியைப் பார்த்த பிறகுதான் எனக்கு உண்மையிலேயே வெறி பிடித்தது.

அன்று மாலை மகள் கூப்பிட்டாள். "பாஸ்போர்ட் ஆயிடுச்சாம்மா?"

"ஆயிடும். நீ காலத் தூக்கி வச்சுப் படு."

"அப்பா?"

"இருக்கார்" என்றேன். அதற்கு மேல் பேசினால் குரல் காட்டிக்கொடுத்துவிடும்.

மறுநாள் போனபோது, பெரிய ஆபீசரின் அறையில் கண்ணாடித் தடுப்பு இல்லை. உட்கார நாற்காலி கொடுத்தார். மூக்குக் கண்ணாடியை நெற்றிக்கு ஏற்றிவிட்டு அந்த விறைத்த தாளை விளக்கு வெளிச்சத்தில் சாய்த்துச் சாய்த்துப் பார்த்தார். ஓரத்தை நகத்தால் சுரண்டினார். பிறகு இவரைப் பார்த்தார்.

"கடையே வச்சிருக்கீங்க. இது கூடவா தெரியாது?"

"தெரியாமப் போச்சுங்க ஐயா" என்றார் இவர். கையைக் கட்டிக்கொண்டு, குரலைக் குழைத்துக்கொண்டு. நேற்றுக் கடையில் பாடம் எடுத்த மனுஷனா இது? "இவ தனியா அவ்வளவு தூரம் போறா. நனைஞ்சிடுமோ கிழிஞ்சிடுமோன்னு ஒரு பயம். இவ மேல இருக்கற அக்கறையில செஞ்சிட்டேங்க."

அக்கறை. அந்த வார்த்தையை நான் சொல்லிக் கொடுக்கவில்லை. அது இவரே சேர்த்தது. வெந்த புண்ணில் வேலைப் பாய்ச்சுவது என்றால் இதுதான். நாற்காலியின் கையை இறுக்கிப் பிடித்துக்கொண்டேன்.

ஆபீசர் சிரித்துவிட்டார். "கேட்டீங்களாம்மா? நல்ல மனுஷன். வீட்டுக்குப் போய்த் திட்டாதீங்க." பிறகு பேனாவைத் திறந்துகொண்டு என்னைப் பார்த்தார். "நீங்களும் சொல்லணும். இவர் சொல்றது உண்மைதானே? தெரியாம நடந்ததுதானே?"

வாய் நிறைய உண்மை இருந்தது. இல்லை சார், இந்த மனுஷன் நன்றாகத் தெரிந்துதான் செய்தார், பெற்ற மகளைப் பழிவாங்கச் செய்தார் என்று அந்த மேசையைத் தட்டிச் சொல்லியிருந்தால் என் நெஞ்சு ஆறியிருக்கும். பக்கத்து அறை வரை கேட்டிருக்கும். இவர் தலையைத் தொங்கப் போட்டிருப்பார். ஆனால் என் மகள் அங்கே தனியாக வலியில் கத்திக்கொண்டிருப்பாள். ஆத்திரக்காரனுக்குப் புத்தி மட்டு என்பார்கள். ஆத்திரக்காரிக்கு அந்த வசதி கிடையாது.

"உண்மைதான் சார்" என்றேன். "அவருக்கு ஒண்ணும் தெரியாது."

இவர் மூச்சு விட்டது எனக்குக் கேட்டது. ஆபீசர் எழுதினார், இவர் கையெழுத்துப் போட்டார், நான் போட்டேன். ஆபீசர் முத்திரையை மையில் ஒற்றி, வாயால் ஒரு தடவை ஊதி, தாளில் ஓங்கிக் குத்தினார்.

"சிக்கல் தீந்தது. அடுத்த வாரம் வீட்டுக்கே தபால்ல வந்துடும். கையெழுத்துப் போட்டுத்தான் வாங்கணும். பகல்ல வீட்ல யாரு இருப்பீங்க?"

"நான் இருப்பேங்க" என்றார் இவர், முந்திக்கொண்டு. குரலில் உற்சாகம் வந்துவிட்டிருந்தது. "கடை வீட்டோடதான் இருக்கு. நானே வாங்கி வச்சிடறேன்."

முத்திரை விழுந்துவிட்டது. அதற்காகத்தான் நான் அதுவரை பல்லைக் கடித்துக்கொண்டு காத்திருந்தேன்.

"வீட்டுக்கு வேண்டாம் சார்" என்றேன். "நானே நேர்ல வந்து வாங்கிக்கறேன். வேற யாரு வந்து கேட்டாலும் குடுக்காதீங்க. இவர் வந்து கேட்டாலும் குடுக்காதீங்க."

ஆபீசரின் பேனா நின்றது. என்னைப் பார்த்தார். இவரைப் பார்த்தார். இவர் காது வரை சிவந்து, தரையைப் பார்த்துக்கொண்டிருந்தார். ஆபீசர் தன் கையெழுத்துக்குக் கீழே காய்ந்துகொண்டிருந்த முத்திரையை ஒரு முறை பார்த்துவிட்டு, மூக்குக் கண்ணாடியை இறக்கி மாட்டிக்கொண்டார். தபால் என்றிருந்ததை அடித்துவிட்டு, நேரில் என்று எழுதினார்.

படியில் இறங்கும்போது இவர் எனக்கு இரண்டு படி பின்னால் வந்தார். வாசலைத் தாண்டிய பிறகுதான் பேச்சு வந்தது.

"அந்த ஆபீசர் முன்னாடி மானத்த வாங்கிட்டியே."

நான் நடந்துகொண்டே இருந்தேன். பஸ் நிறுத்தம் வரை பின்னாலேயே வந்தார். அங்கே நின்றதும், வேறு யாருக்கோ சொல்வது போலத் தெருவைப் பார்த்துக்கொண்டு கேட்டார்.

"பிரசவம் முடிஞ்சதும் திரும்பி வந்துடுவல்ல?"

போக வர இரண்டுக்கும் சேர்த்துத்தான் மகள் டிக்கெட் எடுத்திருந்தாள். திரும்பும் தேதியும் எனக்குத் தெரியும். அதை இவரிடம் நான் சொல்லவில்லை. கிடந்து பயப்படட்டும் என்று பஸ்ஸில் ஏறி, பக்கத்தில் ஏற்கெனவே ஆள் இருந்த இடமாகப் பார்த்து உட்கார்ந்தேன்.