உப்புக்கல் மணி

உமி விற்கப் போனால் காற்றடிக்கும், உப்பு விற்கப் போனால் மழை பெய்யும் என்பார்கள். என் அண்ணன் முத்துக்கனி காதில் அந்தப் பழமொழி விழுந்தாலே முகம் சுருங்கிவிடும். தூத்துக்குடிக்குத் தெற்கே அவன் குத்தகைக்கு எடுத்திருந்த உப்பளத்தில், வாரிக் குவித்த உப்பைக் கோடை மழை இரண்டு வருஷமாகக் கரைத்துக்கொண்டு போயிருந்தது. மேகம் கூடும்போதெல்லாம் ஓலை போட்டு மூடலாம் என்றால், பாதி மேகம் பெய்யாமலே கடலுக்குப் போய்விடும். மூடித் திறப்பதிலேயே பொழுது கழியும். இந்த வருஷமும் கரைந்தால் அளத்தை விட்டுவிடுவேன் என்று சொல்லிவிட்டான்.

நான் இருக்கும்போது அவன் ஏன் விட வேண்டும்? கல்லூரியில் பௌதிகம் படித்தவள் நான். கல்யாணமான பிறகும் சால்டரிங் கம்பியைக் கீழே வைக்காதவள். புதுத் துறைமுக வேலையில் இருந்த என் வீட்டுக்காரர் ஜீவமணி, குழம்பு வாசனையோடு ஈயம் உருகும் வாசனையும் வந்தால்தான் நம் வீடு என்று தெரிகிறது என்பார். எங்கள் தெருவே நான் கட்டிய ரேடியோவில்தான் சிலோன் பாட்டுக் கேட்டது. இதைச் சொல்ல எனக்கென்ன வெட்கம்?

ஓர் ஆங்கிலப் பத்திரிகையில் மழைமணிக்கான படம் கிடைத்தது. ஒரு பலகையில் இரண்டு வெறுங்கம்பிகள் ஒட்டாமல் பக்கம் பக்கமாக ஓடும். ஒரு துளி விழுந்தால் நீர் இரண்டையும் இணைக்கும். அந்த வழியே பாயும் கொஞ்ச மின்சாரத்தை டிரான்சிஸ்டர் பெருக்கி மணியை அடிக்க வைக்கும். கோடை மழை மேற்கிலிருந்து வரும் என்பதால் பலகையைத் தள்ளியிருந்த மேற்குக் கோடி வரப்பில் நட்டு, அங்கிருந்து வயர் இழுத்து, கொட்டகையில் மணியைத் தொங்கவிட்டேன்.

மறுநாள் விடியும்போதே மணி அலறியது. அளத்தில் வேலை செய்யும் பெண்கள் ஓலையைத் தூக்கிக்கொண்டு ஓடினார்கள். வானத்தில் மேகமே இல்லை. பலகையைத் துடைத்து வைத்தேன். இரண்டு நாள் கழித்து அதே விடியலில் அதே கூத்து. அளத்து வேலைக்குத் தலைவி பிச்சம்மாள் ஓலையைக் கீழே போட்டுவிட்டுச் சிரிக்காமல் சொன்னாள்: “தாயி, ஒம் மணி அடிச்சா மழ வராதுன்னு தெரிஞ்சுக்கிட்டோம். அதுவும் ஒரு உபகாரந்தான்.”

அவள் சொன்னதைக்கூடப் பொறுத்துக்கொண்டேன். அண்ணன் சொன்னதுதான் சுட்டது. “ஏளா செல்வி, இன்னொரு தடவ பொய்யா அடிச்சா வயரச் சுருட்டிக்கிட்டுப் போயிரணும். இந்தப் பொம்மைய அளத்துப் பக்கம் கொண்டு வரக் கூடாது.”

பொம்மையாம். கோபத்தோடு பலகையைப் பிடுங்கி, வேறு ஒன்றும் தோன்றாமல் நாக்கால் தொட்டுப் பார்த்தேன். உப்புக் கரித்தது. பிறகுதான் உறைத்தது. அளத்துக் காற்றில் பறக்கும் உப்புப் பொடி கம்பிகளுக்கு நடுவே படிந்திருக்கிறது. விடியற்காலைப் பனியில் அது கசிந்து மின்சாரத்தைக் கடத்திவிடுகிறது. பத்திரிகைக்காரன் எந்த ஊரில் உட்கார்ந்து எழுதினானோ, அங்கே மழைத்தண்ணீர் மட்டும்தான் இருந்திருக்கும். எத்தனை முறை துடைத்தாலும் இங்கே உப்பு வந்து உட்காரும். உப்பளத்தில் உப்பை விரட்ட முடியுமா?

வீட்டில் துணி காயப்போடும்போது கையில் மரக்கிளிப் இருந்தது. அதன் வாயைத் திறந்து பார்த்தபடி அப்படியே நின்றுவிட்டேன். விரட்ட வேண்டாம், வேலைக்கு வைத்துக்கொள்ளலாம் என்று தோன்றியது.

கிளிப்பின் இரண்டு உதட்டிலும் பித்தளை ஆணி அடித்து வயரைப் பற்றவைத்தேன். நடுவே ஓர் உப்புக்கல்லைக் கடிக்கக் கொடுத்தேன். கல் இருக்கும்வரை ஆணிகள் தொடாது. பனிக்குக் கல் கசியுமே தவிரக் கரைந்து விழாது. மேலே ஒரு தகரப் புனல் வைத்தால் மழைநீர் நேரே கல்மேல் இறங்கிக் கரைக்கும், கிளிப் வாயை மூடும், மணி அடிக்கும். ஆனால் டிரான்சிஸ்டர் இருந்தால் அந்தக் கசிவுக்கே அடித்துவிடும். அதைக் கழற்றத்தான் வேண்டும். மதுரையிலிருந்து ஆசையாக வரவழைத்தது. என் கெட்டிக்காரத்தனமே அதில்தான் இருப்பதாக நினைத்திருந்தேன். கழற்றும்போது மூக்குத்தியைக் கழற்றுவது போலத்தான் வலித்தது.

பலகை இருந்த இடத்தில் கிளிப்பையும் புனலையும் நட்டேன். அதன்பின் ஒரு விடியலிலும் மணி அடிக்கவில்லை. கெட்டுப்போய்விட்டது என்று அண்ணன் நினைத்துக்கொண்டான்.

அடுத்த வாரம் ஒரு மத்தியானம் மேற்கே மேகம் கூடியிருந்தது. எங்கள் தலைக்குமேல் நல்ல வெயில். திடீரென்று மணி அடித்தது. ஒருவரும் அசையவில்லை. அண்ணன் என்னைப் பார்த்தான். நான் மேற்கு வரப்பைக் காட்டினேன்.

“மூடச் சொல்லு அண்ணே. இது பொய் சொல்லாது.”

அவன் மேகத்தை ஒரு தடவை பார்த்தான். பிறகு வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு முதல் ஓலையை அவனே தூக்கினான். அதைப் பார்த்துப் பிச்சம்மாள் ஓடினாள், அவள் பின்னால் எல்லோரும் ஓடினார்கள். கடைசி உப்பு அம்பாரத்தை மூடி ஓலைக்குக் கயிறு கட்டும்போது மழை எங்கள் முதுகில் விழுந்தது. பக்கத்து அளங்களில் கூச்சல் கேட்டது. அவர்கள் ஓலையைத் தேடுவதற்குள் பாதி உப்பு வாய்க்காலோடு போய்விட்டது.

மழை விட்டதும் பக்கத்து அளத்து வெள்ளத்துரை அண்ணாச்சி நனைந்த துண்டோடு வந்தார். எங்கள் அம்பாரங்களைப் பார்த்தார், மணியைப் பார்த்தார். அந்த மணிக்குள்ளே என்ன இருக்கிறது, எந்த ஊரில் வாங்கியது என்று அண்ணனிடம் கேட்டார். நான் வாயைத் திறப்பதற்குள் அண்ணன் முந்திக்கொண்டான்.

“வாங்கல அண்ணாச்சி. எந்தங்கச்சி செஞ்சது.”

அதற்குள் பிச்சம்மாள் மேற்கு வரப்பில் கிளிப்பின் வாயைத் திறந்து, அம்பாரத்திலிருந்து எடுத்துப் போன புதுக் கல்லை அதில் வைத்துக்கொண்டிருந்தாள்.