நான்காவது பெயர்

"அதுல கை வைக்காதன்னு சொல்றேன், இளமதி..."

"வைக்காம எப்புடி அண்ணி, திங்கக்கெழம ரிவ்யூ..."

"அவரு வச்சது வச்சபடியே கெடக்கட்டும்..."

"கெடக்கும். ஃபைல நான் தொடவே மாட்டேன். ப்ளகின் மட்டுந்தான் போடுறேன். பேய் ஓட்டுறதப் பாக்குற மாதிரி நிக்காதீங்க, ஒக்காருங்க."

துர்கா உட்காரவில்லை. ஏழு மாத வயிற்றைத் தாங்கிக்கொண்டு கம்ப்யூட்டர் மேசையின் ஓரத்திலேயே நின்றாள். மாமியார் பெரியம்மாள் கம்மாபுரத்துக்குத் துக்கம் விசாரிக்கப் போயிருந்தாள். அஞ்சு மணி பஸ்ஸில் வந்துவிடுவாள். செத்துப்போன மகன் உட்கார்ந்த நாற்காலியில் யாரும் உட்காரக்கூடாது என்று சொல்லி வைத்திருந்தவள் அவள். இப்போது மணி மூன்றரை. நாலு மணிக்குக் கரண்ட் போகும்.

துர்காவின் புருஷன் அறிவழகன் ஒரு விசித்திரமான வேலையைப் பாதியில் விட்டுவிட்டுப் போயிருந்தான். இலக்கணத்தை எழுதுவதற்கென்றே ஒரு கணினி மொழி இருக்கிறதாம். பெயர்கள், இடங்கள், வினைகள் என்று தனித்தனியாகப் பட்டியல் போட்டு, எதை எதோடு சேர்க்கலாம் என்று விதியும் எழுதிவிட்டால், அது தானாக வாக்கியம் கட்டிக்கொடுக்குமாம். வீட்டுப் பேச்சையே வைத்து அதில் எழுதிக்கொண்டிருந்தான். தை மாதம் சேத்தியாத்தோப்புப் பாலத்தில் பஸ் மோதி அவன் போனான். தங்கை இளமதிக்கு எம்.சி.ஏ. கடைசி வருஷம். அண்ணன் விட்ட வேலையையே பிராஜெக்டாக எடுத்திருந்தாள்.

பஸ் ஸ்டாண்டு பக்கத்து பிரவுசிங் சென்டரிலிருந்து பென் டிரைவில் கொண்டுவந்த ப்ளகின் என்கிற துணை நிரலை அவள், அண்ணன் எழுதிவந்த எடிட்டரின் ஃபோல்டருக்குள் பிரித்துப்போட்டாள். எடிட்டரை மூடித் திறந்தாள். மெனுவில் புதிதாக ஒரு வரி வந்திருந்தது. எழுதிய விதிகளை ஓட்டிக்காட்டுகிற கம்பைலர் எந்த ஃபோல்டரில் இருக்கிறது என்று கேட்டது. தேடிக் காட்டினாள். பிறகு அண்ணனின் ஃபைலைத் திறந்தாள். திரை முழுக்கச் சின்னச் சின்னக் கட்டங்கள், பல்வரிசை மாதிரி.

"எல்லாம் போச்சா?" என்றாள் துர்கா.

எழுத்துமுறையை மாற்றினால் சரியாகிவிடும் என்று சொல்லிவிட்டு இளமதி செட்டிங்ஸுக்குள் போனாள். எதையோ மாற்றினாள். கட்டங்கள் மேலிருந்து கீழாக, தூக்கம் கலைந்து ஒவ்வொன்றாகக் கண்திறப்பதுபோலத் தமிழாயின. பெயர்கள் நீலத்தில், வினைகள் பச்சையில். சரியாக வந்திருக்கிறதா என்று பார்க்க, பள்ளிக்கூடத்தில் ஆஜர் எடுக்கிற மாதிரி உரக்கப் படித்தாள்.

"பெரியம்மாள். துர்கா. இளமதி. யுவஸ்ரீ." நிறுத்தினாள். "இது யாரு அண்ணி, யுவஸ்ரீ?"

துர்காவின் வயிற்றுக்குள் பலமாக ஒரு உதை விழுந்தது. பிறகு அடங்கிப்போனது.

பெரியம்மாள் முப்பது வருஷம் பீங்கான் ஆலையில் சூளை அடுக்கியவள். அடுக்குகிறபோது சரக்கை வாய்விட்டு எண்ணமாட்டார்கள். வெந்து, ஆறி, கதவு திறந்த பிறகுதான் எண்ணிக்கை. வயிற்றில் இருப்பதற்கும் அவளிடம் அதே சட்டம்தான், பிறக்கும்வரை பேர் சொல்லக்கூடாது. முதல் பிள்ளைக்கு அஞ்சாம் மாதமே துர்கா ஆசையாகப் பேர் வைத்துக் கூப்பிட்டாள். ஆறாம் மாதம் அது தங்கவில்லை. மாமியார் ஒரு வார்த்தை குறை சொல்லவில்லை. அதனாலேயே துர்காவுக்கு அது இன்னும் ஆழமாக இறங்கிவிட்டது.

யுவஸ்ரீ என்கிற பேர் இந்தப் பங்குனியில்தான், வயிற்றில் இருக்கிற பிள்ளைக்கென்று அவள் மனசில் விழுந்தது. பஸ் ஸ்டாண்டில் யாரோ ஒரு தாய் தன் பிள்ளையைக் கூப்பிட்டுக்கொண்டு ஓடினாள். அன்றைக்கு எடுத்து உள்ளே பூட்டியவள், தனியாக இருக்கும்போதுகூட உதட்டுக்குக் கொண்டுவந்ததில்லை.

"அந்த ஃபைலு எப்ப எழுதுனது, பாரு."

இளமதி பார்த்தாள். டிசம்பர் பதினாலு.

டிசம்பரில் கர்ப்பமே இல்லை. அறிவழகனின் காரியம் முடிந்த பிறகுதான் நாள் தள்ளியிருப்பது துர்காவுக்கே தெரிந்தது. அவனுக்குத் தெரியாமலே போய்விட்டது என்று அழாத நாளில்லை. இதையெல்லாம் அவள் நாலு வார்த்தையில் சொல்லி முடித்தபோது இளமதியின் கை மவுஸிலிருந்து நழுவியது. அண்ணன் எங்கேயாவது கேட்ட பேராக இருக்கும், சும்மா உதாரணத்துக்குப் போட்டிருப்பான் என்றாள். தன் பேரை அவன் அந்தப் பட்டியலில் போட்டுக்கொள்ளவில்லை என்பதை இரண்டு பேருமே கவனித்தார்கள்.

பேச்சை மாற்றத்தான் இளமதி மெனுவில் வந்திருந்த அந்தப் புது வரியை அழுத்தினாள். ப்ளகின் வேலை செய்கிறதா என்று சோதிக்க, ஐந்து வாக்கியம் கேட்டாள்.

பெரியம்மாள் அடுப்படில நிக்கிறாங்க.
இளமதி பஸ்ஸுல தூங்குறா.
துர்கா கெணத்தடில ஒக்காந்திருக்கா.
இளமதி அடுப்படில சிரிக்கிறா.
யுவஸ்ரீ கெணத்துல தூங்குறா.

"அதுக்கு ஒண்ணும் தெரியாது அண்ணி. சீட்டுக் குலுக்கிப் போடுற மாதிரிதான். ஒரு பேரு, ஒரு எடம், ஒரு வெனை." சொல்லிக்கொண்டே மறுபடி அழுத்தினாள். இந்த முறை வேறு மாதிரி வரும், அண்ணி சிரித்துவிடுவாள் என்று நினைத்தாள். வேறு மாதிரிதான் வந்தது. கடைசி வரி:

யுவஸ்ரீ சேத்தியாத்தோப்புப் பாலத்துல நிக்கிறா.

துர்கா இரண்டு கையையும் வயிற்றின்மேல் விரித்து வைத்துக்கொண்டாள். இடது பக்கம் அழுத்திப் பார்த்தாள். சோறு தின்றதும் அரைமணி நேரம் புரளுகிற பிள்ளை. அந்த ஒரு உதைக்குப் பிறகு அசையவே இல்லை.

இளமதி பேர்ப் பட்டியலுக்குப் போய் அந்த ஒரு வார்த்தையைத் தேர்ந்தெடுத்தாள். நீலம் வெளுத்து, சொல் ஒரு வெள்ளைப் பட்டைக்குள் கிடந்தது. இந்தப் பேரை எடுத்துவிட்டால் இனி எந்த வாக்கியத்திலும் வராது என்றாள். ஃபைலைத் தொடமாட்டேன் என்று சொன்னதை மறந்திருந்தாள். அவள் விரல் டிலீட் பொத்தான்மேல் நின்றது.

"அழிச்சிடட்டுமா, அண்ணி?"

பட்டை கண்சிமிட்டியது. அழித்துவிட்டால் கிணற்றில் இருக்கமாட்டாள், பாலத்தில் நிற்கமாட்டாள். எங்கேயுமே இருக்கமாட்டாள். துர்கா குனிந்து, அந்த விரலைப் பிடித்துப் பொத்தானிலிருந்து எடுத்தாள். விட்டுவிடாமல் பிடித்துக்கொண்டே இருந்தாள். கரண்ட் போனது. மின்விசிறி மெல்ல நிற்க, யு.பி.எஸ். கீச் கீச்சென்று கத்த ஆரம்பித்தது. திரை மட்டும் எரிந்தது. அதில் பேர்களுக்குக் கீழே இடங்களின் பட்டியல் தொடங்கி, அடுப்படி, கெணத்தடி, கெணறு, பஸ்ஸு, சேத்தியாத்தோப்புப் பாலம் என்று கண்ணுக்குத் தெரிகிற வரிகளைத் தாண்டி இன்னும் கீழே போய்க்கொண்டிருந்தது.

"கீழ எறக்கு, இளமதி. எடத்துல தொட்டிலுன்னு எங்கனா எழுதியிருக்காரா, பாரு."