மேடையைக் கொஞ்சம் தள்ளிப் போடுங்கள்

சனிக்கிழமை சாயங்கால நாடகத்தில் ஜப்பான் போரில் ஜெயித்துவிட்டது. அதனால் தனபாக்கியத்தின் அப்பா சாகவில்லை.

நாடகத்தின் பெயர் 'வென்றவர் காலம்'. அதில் ஐரோப்பாவை ஜெர்மனிக்காரர்களும் ஆசியாவை ஜப்பான்காரர்களும் பங்கு போட்டுக்கொண்டார்கள். இத்தாலிக்காரர்களுக்கு என்ன கிடைத்தது என்று இன்னும் காட்டவில்லை. நிஜத்தில், அந்த இரண்டாம் உலகப் போரின்போது, சயாமிலிருந்து பர்மாவுக்கு ரயில் பாதை போடுவதற்காக மலாயாத் தோட்டங்களிலிருந்து ஜப்பான்காரர்கள் பிடித்துக்கொண்டு போன தமிழர்கள் ஆயிரம் ஆயிரமாகச் செத்தார்கள். நாடகத்தில் அவர்கள் சாகவில்லை. ஜெயித்தவர்கள் போட்ட பாதையில் யாரும் செத்திருக்க முடியாது என்பதால், தொலைக்காட்சி நிலையத்தார் அத்தனை பேரையும் வரவழைத்துக் கூட்டக் காட்சிகளில் நிறுத்தியிருந்தார்கள். துணை நடிகர்களைத் தேடி அலையும் வேலை மிச்சம்.

அப்பா காத்தமுத்து முன்வரிசையில் நின்றார். அவருக்கு முப்பத்தொரு வயது. மலேசியாவில், தைப்பிங் ஊரில் தன் வீட்டு நாற்காலியில் உட்கார்ந்து அவரைப் பார்த்துக்கொண்டிருந்த தனபாக்கியத்துக்கு ஐம்பத்தெட்டு.

"உங்கப்பா சதை போட்டிருக்கார் பார்த்தியா?" என்றார் அவள் புருஷன் சன்னாசி. லாரி ஓட்டி ஓய்வு பெற்றவர். நாடகம் என்றால் அவருக்கு உயிர்.

தனபாக்கியத்துக்குப் பற்றிக்கொண்டு வந்தது. அப்பாவின் விலா எலும்பு சட்டைக்கு மேலேயே தெரியும் என்று அம்மா சொல்லியிருக்கிறாள். இங்கே அவருக்குக் கன்னம் உப்பியிருந்தது. தலைக்கு எண்ணெய் வைத்து வாரியிருந்தார்கள். மண்வெட்டியைத் தோளில் சாய்த்துக்கொண்டு, ஜப்பான் அதிகாரியைப் பார்த்துச் சிரித்தபடி, "நாங்களா விரும்பித்தான் வந்தோம், தொரை" என்று சொன்னார்.

தனபாக்கியம் எழுந்து டிவியை அணைத்தாள். சன்னாசி எழுந்து போட்டார்.

அடுத்த வாரம் காத்தமுத்துவுக்கு ஒரு பெண்டாட்டியும் மகளும் வந்தார்கள். பெண்டாட்டி பவுடர் பூசிய நடிகை. மகள், கால் உறையும் பூப்போட்ட கவுனும் போட்ட நாலு வயதுக் குழந்தை.

"அது நீதான்," என்றார் சன்னாசி.

"நானா? எனக்கு ஏது கவுனு? அரிசிச் சாக்குல கழுத்துக்கு ஓட்டை போட்டு மாட்டிவிட்டாங்க. அரிசி இல்ல, சாக்கு மட்டும்தான் இருந்துச்சு."

அம்மா மரவள்ளிக்கிழங்கை அவித்துக் கொடுத்துத்தான் அவளை வளர்த்தாள். போர் முடிந்த பிறகு, சயாமிலிருந்து உயிரோடு திரும்பிய ஒருவர் வீட்டுப் படியில் நின்றபடியே சொல்லிவிட்டுப் போனார்: பேதி. பாதை ஓரமாகவே புதைத்துவிட்டார்கள். தேதி தெரியாது. அன்றைக்குத்தான் அம்மா தாலியைக் கழற்றினாள். செத்த நாள் தெரியாததால் திதி கொடுக்க வழியில்லை. ஆடி அமாவாசையில் ஊரோடு ஊராகச் சோற்றுருண்டை வைத்துக் கும்பிட்டார்கள்.

"உசுரைத்தான் எடுத்துக்கிட்டானுங்க. செத்ததாவது அவருக்குன்னு இருந்துச்சு. இப்ப அதையும் எடுத்துக்கிட்டா எப்படி?" என்று கேட்டுவிட்டுத் தனபாக்கியம் கோலாலம்பூருக்குப் பஸ் ஏறினாள்.

இயக்குநர் தேவசகாயம் மரியாதையான மனிதர். நாற்காலி போட்டு, தேநீர் வரவழைத்தார்.

"எங்கப்பா சாவைத் திருப்பிக் குடுங்க," என்றாள் தனபாக்கியம்.

"எந்தப் பகுதியிலம்மா வருது?"

"எந்தப் பகுதியிலயும் வரல. அதைத்தான் கேக்குறேன்."

அவர் பொறுமையாக விளக்கினார். "தோத்திருந்தா உங்கப்பா செத்திருப்பார்மா. இவங்க ஜெயிச்சிட்டாங்களே. ஜெயிச்சவங்க கதையில சாவு எங்கேர்ந்து வரும்?"

"அவனுங்க ஜெயிச்சுக்கிட்டு இருந்தப்பதான்யா கொன்னானுங்க!"

தேவசகாயம் யோசித்தார். நியாயம்தான் என்பது போலத் தலையை ஆட்டினார். ஆனால் கதையை மாற்ற அவருக்கு அதிகாரம் இல்லை. "பாதிக்கப்பட்டவர் அவர். குறை இருந்தா அவர்தான் சொல்லணும். இப்ப சாப்பாட்டு நேரம்தான், பின்னால போய் நீங்களே கேட்டுப் பாருங்க," என்றார்.

ஸ்டூடியோவுக்குப் பின்னால் சயாம் இருந்தது. மூங்கில் காடும் சேறும் ஆறும், ஆற்றை ஒட்டித் தண்டவாளமும். தார்ப்பாய்க் கொட்டகையில் வரிசையாக உட்கார்ந்து செத்தவர்கள் சாப்பிட்டுக்கொண்டிருந்தார்கள். காத்தமுத்து அவளைப் பார்த்ததும் நகர்ந்து இடம் விட்டார்.

"உக்காருங்கக்கா. சாப்பிட்டாச்சா?"

"நான் தனபாக்கியம்பா."

அவர் கையை உதறிவிட்டு அவள் முகத்தைப் பார்த்தார்.

"பாப்பாவா? என்ன பாப்பா, பல்லு விழுந்திருக்கு? பால் பல்லா?"

"இல்லப்பா. இது ரெண்டாவது பல்லு."

"அம்மா?"

"எண்பத்தொண்ணுல போயிட்டாங்க. நெஞ்சுவலி."

"அதான் இங்க இல்ல. நானும் கேட்டுப் பார்த்தேன். போர்ல செத்தவங்களை மட்டும்தான் எடுப்பாங்களாம்." அவர் குரலைத் தாழ்த்தினார். "அந்தப் பவுடர் போட்ட பொண்ணைத் தப்பா நினைச்சுக்காத. வசனம் முடிஞ்சதும் தள்ளிப் போய் உக்காந்துக்கும்."

வழியெல்லாம் சேர்த்து வைத்திருந்த கோபத்தில் ஒரு பிடியை எடுத்துத் தனபாக்கியம் கேட்டாள். "ஏம்பா அப்படிச் சொன்னீங்க? விரும்பித்தான் வந்தோம்னு? லாரியில அடிச்சு ஏத்துனதை அம்மா கண்ணால பார்த்தாங்க."

"எழுதிக் குடுக்குறாங்க, சொல்றேன்."

"உள்ளதைச் சொல்லுங்களேன்!"

"சொல்லலாம். சொன்னா செத்துடுவேன் பாப்பா. செத்ததைச் சொல்லணும்னா செத்திருக்கணும்ல? உசுரோட இருந்துக்கிட்டு அதைச் சொன்னா யார் நம்புவாங்க?"

தனபாக்கியம் அவர் தட்டைப் பார்த்தாள். சோறு, பருப்பு, பொரித்த கருவாடு. அப்பா சாப்பிட்டு அவள் பார்த்ததாக ஞாபகமே இல்லை. சோற்றை ஓரத்திலிருந்து ஒதுக்கி, சின்னச் சின்ன உருண்டையாக்கி, வாயை அதிகம் திறக்காமல் சாப்பிட்டார். அவளும் அப்படித்தான் சாப்பிடுவாள்.

"இன்னும் கொஞ்சம் பருப்பு ஊத்திக்குங்க," என்றாள்.

ஊற்றிக்கொண்டார்.

வீட்டுக்கு வந்ததும் சன்னாசி, "என்னாச்சு?" என்றார்.

"நல்லா சாப்பிடுறார்," என்றாள். அதற்கு மேல் சொல்லவில்லை. கோபம் போகவில்லை. யார் மேல் போடுவது என்று தெரியாமல் அடுப்பில் வைத்த பாத்திரத்தை எல்லாம் கரிய விட்டாள். சனிக்கிழமைகளில் அப்பா பொய் சொல்லும்போது முந்தானையை வாயில் அடைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தாள். சொல்லிவிட்டுப் போகட்டும், தட்டில் சோறு இருக்கிறதே என்று தன்னைத்தானே அடக்கினாள். அடக்கியதற்காகவும் தன் மேலேயே கோபப்பட்டாள்.

தை மாதம் ரயில் பாதைத் திறப்பு விழா வந்தது. மூங்கில் காட்டுக்கு நடுவே பச்சைத் துணி சுற்றிய மேடை. அதில் நான்கு அதிகாரிகள். பெரிய அதிகாரி நல்ல தமிழில் பேசினார். "இந்தப் பாதைக்காக ஒரு உயிர்கூடப் போகவில்லை. தமிழ்த் தொழிலாளர்கள் பாடிக்கொண்டே வேலை செய்தார்கள். அவர்களில் ஒருவரே இதைச் சொல்வார்."

காத்தமுத்து மாலையோடு வந்தார். 'எல்லாரும் சுகமா இருக்கோம், தொரை' என்று சொல்லி மாலையைப் போட வேண்டும். அவர் போடவில்லை. மேடையின் கால்களைக் குனிந்து பார்த்தார். நிமிர்ந்தபோது, வாரியிருந்த தலை கலைந்திருந்தது.

"தொரை, மேடையைக் கொஞ்சம் தள்ளிப் போடுங்க. என்னை இங்கதான் பொதைச்சீங்க."

சன்னாசி கோப்பிக் குவளையைக் கீழே வைத்தார்.

அதிகாரிகள் இறங்கி, ஆளுக்கொரு மூலையாகப் பிடித்து மேடையை நகர்த்தினார்கள். காலியான இடத்தில் காத்தமுத்து மாலையை வைத்தார். அதன் பக்கத்தில் படுத்து, பேதி வந்தவர் போல முழங்காலை வயிற்றோடு மடித்துக்கொண்டு செத்துப்போனார்.

"இங்க நான் இருக்கேன், தொரை," என்றார் அடுத்த ஆள். மேடை மறுபடி நகர்ந்தது. "இங்க என் தம்பியும் நானும்," என்றார் அதற்கடுத்தவர். அன்று விளம்பரம் போடவில்லை.

"அப்பா!" என்று தனபாக்கியம் தெரு முழுக்கக் கேட்கிற மாதிரிக் கத்தினாள். அவரை லாரியில் ஏற்றிய அன்று, நாலு வயதில், அவளுக்குக் கத்தத் தெரியவில்லை. பிறகு கொல்லைக் குழாயடிக்குப் போய்த் தலைமுழுகினாள். அந்தத் தாமான் குடியிருப்பில் இருந்தவர்கள் பெரும்பாலும் பழைய தோட்டத்து ஆட்கள். வரிசையில் தலைமுழுகாத வீடு இல்லை. எல்லா வீட்டுக் கொல்லையிலும் தண்ணீர் விழும் சத்தம் கேட்டது.

ஈரத் தலையோடு வந்து கேட்டாள்: "மதியம் சாப்பிட்டிருப்பாரா?"

"சாப்பாட்டுக்கு அப்புறம் எடுத்த காட்சிதான் அது," என்றார் சன்னாசி. "வெயில் சாய்ஞ்சிருந்துச்சே, கவனிச்சேன்." பிறகு நாட்காட்டியைப் பார்த்து, "தேய்பிறை சப்தமி," என்றார். அவளுடைய அப்பாவுக்கு ஒரு திதி கிடைத்துவிட்டது.

அதன் பிறகு நாடகத்தில் வேறெதுவும் நடக்கவில்லை. நான்கு அதிகாரிகளும் மேடையைத் தூக்கிக்கொண்டு பாதையோரமாக நடந்தார்கள். இறக்கி வைக்கப் போகும் இடத்திலெல்லாம் யாராவது இருந்தார்கள். தேவசகாயம் தொலைபேசியில் கூப்பிட்டார்.

"அம்மா, உங்கப்பாகிட்ட கொஞ்சம் பேசி எந்திரிக்கச் சொல்லுங்களேன்."

"செத்தவர் எப்படிய்யா எந்திரிப்பார்?"

"அதானே," என்று ஒப்புக்கொண்டு வைத்துவிட்டார்.

கருமாதி அன்று, மகன் இல்லாததால் மருமகன் சன்னாசிதான் மணையில் உட்கார்ந்தார். தனபாக்கியம் இலையில் சோறும் பருப்பும் கருவாடும் வைத்துக்கொண்டிருந்தபோது, வெளிக்கேட்டில் பூட்ஸ் சத்தம் கேட்டது. நான்கு அதிகாரிகளும் மேடையோடு நின்றார்கள். பச்சைத் துணி கிழிந்து தொங்கியது.

"இங்கே யாராவது இருக்கிறார்களா?" என்று பெரிய அதிகாரி தரையைக் காட்டிக் கேட்டார்.

"இருக்காங்க. இது வெள்ளைக்காரனோட ரப்பர்த் தோட்டமா இருந்த இடம். காட்டை அழிச்சது எங்க ஆளுங்க. காய்ச்சல்ல விழுந்தவங்களை மரத்தடியிலயே பொதைச்சாங்க."

"அடுத்த வீட்டில்?"

"அங்கயும்தான்."

அவர் தோள் மாற்றிக்கொண்டார். "ஒரு நிமிடம் மட்டும் இறக்கி வைக்கலாமா? கை வலிக்கிறது."

"கூடாது."

அவர்கள் தலைகுனிந்து வணங்கிவிட்டு நகர்ந்தார்கள். அப்போது தெருமுனையில் பேண்டு வாத்தியம் கேட்டது. வேறொரு நிலையத்தின் நாடகத்திலிருந்து, அதில் ஜெயித்த வெள்ளைக்காரத் தொரைகள் நான்கு பேர், தங்கள் மேடையைத் தூக்கிக்கொண்டு வந்துகொண்டிருந்தார்கள். முதல் வீட்டு வாசலில் நின்று, யாராவது இருக்கிறார்களா என்று கேட்டார்கள்.

தனபாக்கியம் முந்தானையை இழுத்துச் செருகிக்கொண்டு தெருவுக்கு இறங்கினாள்.