விளக்கு வைக்கிற நேரத்துக் கோல்

சுஜிதன் அடிக்கிறவனல்ல. குடிக்கிறவனுமல்ல. கோல் எடுக்கிறவன்.

கத்தாரில் வேலை முடிந்து, கம்பனி பஸ்ஸில் ஏறி இடம் பிடித்ததும் அவன் செய்கிற முதல் வேலை மல்லாவியில் இருக்கிற தன் வீட்டுக்குப் போனில் கோல் எடுப்பது. ஊரில் அது விளக்கு வைக்கிற நேரம். கைப்போனுக்கு எடுக்க மாட்டான். வாட்ஸ்அப்பில் சும்மா கதைக்கலாம், அதற்கும் எடுக்க மாட்டான். காசு கொடுத்துக் கார்ட் போட்டு, விறாந்தை மூலையில் ஸ்ரூலின் மேல் இருக்கிற வீட்டுப் போனுக்குத்தான் எடுப்பான். கைப்போன் எந்தச் சந்தியில் நின்றாலும் அடிக்கும். வீட்டுப் போன் வீட்டில்தான் அடிக்கும். அதைத் தூக்கி மனைவி கஜனி ஹலோ சொன்னால் கஜனி வீட்டில் நிற்கிறாள். அவனுக்குத் தெரிய வேண்டியது அவ்வளவுதான். சாப்பிட்டாச்சோ, மழையோ, மகன் கதைத்தவனோ என்பதெல்லாம் ஒப்புக்கு.

வீடியோவில் அவன் வருவதேயில்லை. பஸ்ஸுக்குள்ளும் ஆட்கள், அறைக்குள்ளும் எட்டுப் பேர். தன் மனைவியின் முகத்தை இன்னொருவன் எட்டிப் பார்ப்பது அவனுக்குப் பிடிக்காது. அந்த அறையில் ஊர்க்கதைகள் நிறையப் புழங்கின. அதில் ஒன்று, அடுத்த அறைக்காரனின் மனைவி ஆட்டோக்காரனோடு போனது. அதற்குப் பிறகுதான் இந்த விளக்கு நேரக் கோல் தொடங்கியது. அந்தப் பெண்ணைக் கஜனி ஒருநாளும் கண்டதில்லை. ஆனால் அவளுக்காகத் தினமும் போன் தூக்கிக்கொண்டிருந்தாள்.

இடைக்கிடை கஜனி கடையிலோ கோயிலிலோ சுணங்கிவிட்டால், மாமி, சுஜிதனின் தாய் பத்மாசனி, போனைத் தூக்கி, "கிணத்தடியில நிக்கிறாள், குளிக்கிறாள்" என்று சொல்லுவா. எப்போதாவது ஒருநாள் என்றால் அது போதும். தினமும் சொல்ல முடியாது. விளக்கு வைக்கிற நேரத்தில் ஒரு பெண் நாள்தோறும் கிணற்றடியில் நிற்க மாட்டாள் என்பது கத்தாரில் இருக்கிறவனுக்கும் தெரியும்.

இப்போது கஜனிக்கு அப்படியொரு சாட்டுத் தினமும் தேவைப்பட்டது.

மல்லாவிச் சந்தியில் பாமசி என்று மருந்துக் கடை நடத்துகிற ஞானேஸ்வரி அவளைக் கூப்பிட்டிருந்தாள். "பின்னேரம் டாக்குத்தர் வந்தா எனக்கு ரெண்டு கை காணாது. நீ வவுனியாவில பாமசியில நிண்டனி, எந்தக் கோழிக் கிறுக்கலையும் வாசிப்பாய். மத்தியானம் சாப்பிட்டுட்டு வா, கடை பூட்டேக்க போ. வேற ஒரு பிள்ளையும் கேட்டுக்கொண்டு திரியுது, கெதியாச் சொல்லு."

கஜனிக்கு அந்த வேலை வேண்டும். பெரிய காரணம் ஒன்றும் கிடையாது. மகன் வவுனியாவில் விடுதியில் நின்று படிக்கிறான். வயலைக் குத்தகைக்கு விட்டாயிற்று. மத்தியானத்துக்குப் பிறகு அந்த வீட்டில் அவளுக்குச் செய்ய எதுவும் இல்லை. டாக்குத்தர்மாரின் கையெழுத்தை வாசிக்கப் பழகிய கண், மாமியோடு உட்கார்ந்து சீரியல் பார்த்துக்கொண்டிருந்தது. முன்பொருதரம் சுஜிதனிடம் வேலைப் பேச்சை எடுத்தாள். "ஏன், நான் உழைக்கிறது காணாதோ?" என்று கேட்டுப் போனை வைத்துவிட்டான். இந்த முறை அவள் கேட்கவில்லை.

இந்த நேரத்தில்தான் லைன் மாற்றுகிறவன் வந்தான். பழைய வயரில் மழை பெய்தால் போன் கரகரக்கும், இன்டர்நெட் படுத்துவிடும். மாமியின் சீரியலில் மாமியார் கை ஓங்கியபடி நிற்பாள், அடி விழாது. தெருவில் ஃபைபர் இழுத்துக்கொண்டு போன லக்ஷன் கேற்றடியில் நின்று கேட்டான்.

"அக்கா, புதுசுக்கு மாத்துறீங்களோ? போனும் வேணுமோ, இன்டர்நெட் மட்டும் போதுமோ?"

"போன் இல்லாமலும் தருவீங்களோ தம்பி?"

"ஓம். இப்ப ஆர் வீட்டுப் போன் பாவிக்கினம்? ஒட்டுசுட்டான்ல ஃபைபர் பூட்டின வீடுகள்ல முக்கால்வாசிப் பேர் வேண்டாமெண்டுதான் சொன்னவை. வேணுமெண்டா உங்கட பழைய நம்பரே இருக்கும்."

வேண்டாம் என்ற சொல் கஜனியின் வாய் வரைக்கும் வந்தது. ஆனால் லைன் சுஜிதனின் பெயரில் இருந்தது. "இவரிட்டக் கேட்டுச் சொல்லுறன். வெள்ளிக்கிழமை வாங்கோ" என்றாள்.

அன்று பின்னேரம் கோல் வந்தபோது, குசினிக்குள் நின்று பல தடவை சொல்லிப் பார்த்ததைச் சொன்னாள். "இஞ்சேருங்கோ, ஃபைபருக்கு மாத்தினா வீட்டுப் போன் தேவையில்லையாம். இப்ப ஒருத்தரும் வைச்சிருக்கிறேல்லையாம். வெட்டி விடுவமே?"

ஒரு சண்டைக்கு அவள் ஆயத்தமாக நின்றாள்.

"ஓம், வெட்டும்" என்றான் சுஜிதன்.

"என்ன?"

"வெட்டும் எண்டுறன். எப்பிடியும் ஃபைபர் வந்தாக் கமரா பூட்டுறதெண்டுதான் இருந்தனான். இஞ்ச என்னோட வேலை செய்யிற எங்கட ஊர்க் கிருபன் தன்ர வீட்டுக்குப் பூட்டியிருக்கிறான். முன்னுக்கு ஒண்டு, பின்னுக்கு ஒண்டு, விறாந்தைக்கு ஒண்டு. இதில இருந்துகொண்டே முழு வளவையும் பாக்கிறான். கோழி போறதும் தெரியுது."

"எங்கட வீட்டில என்னத்தைக் களவெடுக்கப் போறாங்கள்?"

"இப்ப கள்ளர் கூடிப்போச்சு. உமக்கு விளங்காது. அடுத்த கிழமை பூட்டுறதுக்குப் பெடியனை அனுப்புறன்."

போனை வைத்துவிட்டுக் கஜனி கொஞ்ச நேரம் ஸ்ரூலடியில் நின்றாள். அந்தப் போன் ஒரு நாளைக்கு ஒருதரம் கூப்பிடும். அதற்குப் பொய் சொல்லலாம், சாட்டுச் சொல்லலாம், சுணங்கி வந்து மூச்சு வாங்கத் தூக்கலாம். கமரா கூப்பிடாது. அவள் செருப்பைப் போடுவதையும் சைக்கிளை எடுப்பதையும் அது பார்த்துக்கொண்டிருக்கும். இரண்டு நிமிடத்துக்கு முன்பு வரைக்கும் எந்தப் போனை வெட்ட வேண்டும் என்று நினைத்தாளோ, அதுதான் இனி அவளுக்கு வேண்டும்.

குசினி வாசலில் மாமி வெற்றிலை இடித்துக்கொண்டிருந்தா. வாய்க்குள் வெள்ளையாக ஏதோ படருகிறது, வெற்றிலையை விடச் சொல்லுங்கள் என்று கிளிநொச்சியில் டாக்குத்தர் சொல்லிவிட்டார். சுஜிதன் தாயிடம் போனிலேயே சத்தியம் வாங்கியிருந்தான். மாமி சத்தியமும் பண்ணிவிட்டு, போனை வைத்த கையோடு ஒரு வாய் போட்டவ.

"கமராவோ?" என்றா மாமி. "எங்க எங்க பூட்டுவானாம்?"

"முன்னுக்கு, பின்னுக்கு, விறாந்தைக்கு."

"பின்னுக்கெண்டா குசினி வாசலும் தெரியுமோ?"

"குசினி வாசல், கிணத்தடி, எல்லாம் தெரியும் மாமி. நீங்கள் வாயில என்ன போடுறியள் எண்டதும் தெரியும்."

இடிக்கிற சத்தம் நின்றது. மாமி சின்ன உலக்கையைத் துடைத்து ஒரு பக்கம் வைத்தா.

"கிணத்தடியும் தெரியுமெண்டோ சொன்னனி?"

"ஓம்."

"நாளைக்கு நீ போனைத் தூக்காதை."

அடுத்த நாள் கோல் வந்ததும் மாமி கதிரையை இழுத்துப் போட்டு, ஆறுதலாக இருந்து போனைத் தூக்கினா. கஜனி பக்கத்தில் நின்று காதைக் கொடுத்தாள்.

"தம்பி, உன்ர அறையில எத்தினை பேர்?"

"எட்டுப் பேர். ஏனம்மா?"

"எட்டுப் பேருக்கும் கண் நல்லாத் தெரியுமோ?"

"என்ன கதையம்மா இது?"

"இல்லை, உன்ர பெண்சாதி கிணத்தடியில நெஞ்சுக்கு மேல குறுக்குக்கட்டோட நிண்டு அள்ளிக் குளிக்கிறவள். நானும் அப்பிடித்தான். நீ பஸ்ஸுக்க இருந்து போனைத் திறப்பாய். பக்கத்தில இருக்கிறவன் கண்ணைப் பொத்திக்கொண்டு இருப்பானோ?"

பஸ்ஸுக்குள் யாரோ மலையாளத்தில் ஏதோ சொல்லிச் சிரித்தான்.

"பாத்ரூம் கட்டித் தந்தனான்தானே. உள்ளுக்குக் குளிக்கலாம்."

"தண்ணி ஏத்திற மோட்டர் எரிஞ்சு எவ்வளவு காலம்? உள்ளுக்க நிண்டு காத்திலயோ குளிக்கிறது?"

"அப்ப பின்னுக்கு வேண்டாம். முன்னுக்கு மட்டும் பூட்டுறன்."

"கள்ளன் பின்னால வரமாட்டானோ? கேற்றைத் தட்டிப்போட்டு முன்னால வருவானோ? அந்தக் கிருபன்ர வீட்டிலயும் கிணத்தடி பின்னுக்குத்தானே. அவன்ர பெண்சாதி குளிக்கிறதை நீயும் கண்டிருப்பாய்."

சுஜிதன் உடனே பதில் சொல்லவில்லை. அந்த மௌனத்தில் கஜனிக்கு ஒன்று விளங்கியது. அதை அவள் பிறகும் அவனிடம் கேட்கவில்லை.

"சரி, கமரா வேண்டாம்" என்றான். "போனை வெட்ட வேண்டாம் எண்டு அவளிட்டச் சொல்லுங்கோ."

மாமி போனை வைத்துவிட்டு உலக்கையைத் தேடினா. "பின்னேரத்தில நீ வீட்டில நிக்காட்டி, அந்தச் சீரியலை ஆர் எனக்குப் போட்டுத் தாறது?" என்று கேட்டா. பாமசிக் கதை அவவுக்கு எப்படித் தெரியும் என்று கஜனி யோசித்தாள். மல்லாவியில் அது ஒரு பெரிய விடயமல்ல.

"பழக்கி விடுறன் மாமி. ரெண்டு பொத்தான்தான்."

வெள்ளிக்கிழமை லக்ஷன் வந்து சுவரில் துளை போட்டு, றவுட்டரைப் பூட்டி, போனையும் அதில் கொழுவினான். எழும்பித் தூசியைத் தட்டிக்கொண்டு, எல்லா வீட்டிலும் சொல்வதையே சொன்னான். "அக்கா, வீட்டில ஆக்கள் இல்லாத நேரம் வாற கோலை உங்கட கைப்போனுக்கு மாத்தி விடலாம். வெளிக்கிடேக்க இந்த நம்பரை அமத்தினாச் சரி. திரும்பி வந்து நிப்பாட்டலாம்."

கஜனி அவனை இன்னொருதரம் சொல்லச் சொன்னாள். அவன் சொன்னான்.

"கோல் எடுக்கிற ஆளுக்கு அது தெரியுமோ?"

"தெரியாது. அவைக்கு வீட்டில அடிக்கிற மாதிரித்தான் இருக்கும்."

"வெளிநாட்டில இருந்து எடுத்தாலும்?"

லக்ஷன் அவளை ஒருதரம் பார்த்தான். பிறகு வயர்த் துண்டுகளைப் பொறுக்கத் தொடங்கினான். "எங்க இருந்து எடுத்தாலும்தான் அக்கா."

திங்கட்கிழமை கஜனி வேலைக்குப் போனாள். டாக்குத்தருக்குக் காத்திருந்த சனம் பாமசிப் படி வரைக்கும் நின்றது. வெளியில் இருட்டிக்கொண்டு வந்தபோது ஞானேஸ்வரி, "பிள்ளை, விளக்கை வை" என்றாள். மேசைக்கு மேலே பிள்ளையார் படத்துக்குக் கீழ் ஒரு சின்ன விளக்கு இருந்தது. கஜனி திரியை இழுத்துவிட்டுக் கொளுத்தினாள். நெருப்புப் பெட்டியை வைக்க முன்னம் கைப்போன் அடித்தது. கத்தார் நம்பர்.

"என்ன செய்யிறீர்?"

"இப்பத்தான் விளக்கு வைச்சனான்."

"சத்தமாக் கிடக்கு?"

அவள் பதில் சொல்ல முன்னம், மேசைக்கு அந்தப் பக்கம் நின்ற கிழவர் ஒருவர் குளிசைப் பையை நீட்டினார். "பிள்ளை, இது சாப்பாட்டுக்கு முன்னமோ, பிறகோ?"

"ஆரது?" என்றான் சுஜிதன்.

கஜனி போனைப் பொத்தவில்லை. "ஒரு ஐயா. குளிசையை எப்பிடிப் போடுறதெண்டு கேட்டு வந்திருக்கிறார்."

"வீட்டை வந்தோ கேக்கிறார்?"

"வாசிக்கத் தெரிஞ்ச ஆளிட்டத்தானே கேப்பினம்." பிறகு கிழவரிடம் சொன்னாள். "சாப்பாட்டுக்குப் பிறகு ஐயா. காலமை ஒண்டு, இரவு ஒண்டு. சின்னது இரவுக்கு மட்டும்."

கத்தாரில் பஸ் எங்கோ திரும்பியது. சுஜிதன் முழுவதையும் கேட்டுக்கொண்டிருந்தான்.

"பாவம். வடிவாச் சொல்லி விடும்" என்றான். "சரி, வைக்கிறன்."

கஜனி போனை மேசை இழுப்பறைக்குள் போட்டாள். கிழவர் இரண்டாவது பையை எடுத்துக்கொண்டிருந்தார்.

"ஆரடி, அவரோ?" என்று ஞானேஸ்வரி உள்ளுக்குள் இருந்து கேட்டாள்.

"வீட்டுப் போன்" என்று சொல்லிவிட்டு, கஜனி அடுத்த மருந்துச் சீட்டுக்குக் கையை நீட்டினாள்.